ஒரு வாக்கில் வென்ற பாடல்: 'லா கன்சியோன்' தொடரும் 1968ஆம் ஆண்டின் மொழிச் சிக்கலும்

'லா' என்னும் பொருளற்ற ஓரசையை நூற்றுக்கும் மேற்பட்ட முறை திரும்பத் திரும்ப ஒலிக்கும் ஒரு பாடல், எந்த மொழியில் பாடப்படவேண்டும் என்பது குறித்து ஓர் அரசு கலக்கமுற்றது. 1968ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்களின் இறுதியில் ஸ்பெயின் நாட்டில் நிகழ்ந்தது இதுவே. அப்பாடலின் பெயர் 'லா, லா, லா'. அது அரங்கேறிய வரலாற்றை மூன்று பகுதிகளில் கூறும் 'லா கன்சியோன்' ('பாடல்' என்பது இதன் பொருள்) எனும் தொடரை மொவிஸ்டார் பிளஸ் நிறுவனம் 2025இல் வெளியிட்டது. பெப்பே கொய்ரா, ஃப்ரான் அராவுஹோ ஆகியோரின் எழுத்தில் உருவான இத்தொடரை அலெஹாந்த்ரோ மரீன் இயக்கியுள்ளார். பாடகி மாஸியேலாகக் கரோலினா யுஸ்தே நடித்துள்ளார்.

ஸ்பெயின் 1961ஆம் ஆண்டு முதல் யூரோவிஷன் பாடற்போட்டியில் பங்கேற்று வந்தது. 1962இலும் 1965இலும் அந்நாட்டிற்கு ஒரு புள்ளிகூடக் கிட்டவில்லை. சுற்றுலாவையும் தகவல் துறையையும் ஒருசேரக் கையில் வைத்திருந்த அமைச்சர் மனுவேல் ஃப்ராகா, ஃப்ராங்கோவின் ஆட்சிக்கு ஐரோப்பாவின் முன் ஒரு புன்னகை முகம் தேவை என்பதை உணர்ந்திருந்தார். கடற்கரைகளுக்கு வெளிநாட்டார் வந்து குவிந்த காலம் அது. அரசின் தொலைக்காட்சி நிலையமான டிவிஇ-க்கு உள்நாட்டில் போட்டியே இல்லை. எனவே, ஒரு பாடலை நாடறியச் செய்யவும் ஒரு பாடகரை நாட்டின் செவிகளிலிருந்து அறவே நீக்கவும் ஒரே கட்டடத்தால் இயன்றது. இத்தொடரின் அடித்தளம் இவ்வுண்மையே.

முதலில் தேர்ந்தெடுக்கப்பட்டவர் ஜோன் மானுவேல் செர்ராத். பார்சலோனாவைச் சேர்ந்த அவ்விளைஞர், கத்தலான் மொழிப் பாடல் இயக்கமாகிய 'நோவா கன்சோ'வில் வளர்ந்தவர். 'டூயோ தினாமிகோ' என்று அறியப்பட்ட மனுவேல் தெ லா கல்வா, ராமோன் ஆர்கூசா இரட்டையர் இயற்றிய இப்பாடலை அவர் இரு மொழிகளிலும் ஒலிப்பதிவு செய்தார். விளம்பரத்தின்பொருட்டு ஐரோப்பிய நகரங்களுக்கும் சென்று வந்தார். போட்டிக்கு இரு வாரங்கள்கூட இல்லாத நிலையில், கத்தலானில் அல்லாது பாடமாட்டேன் என அறிவித்தார். டிவிஇ அவரை நீக்கியது. மெக்சிகோவில் இசைப்பயணத்தில் இருந்த மாஸியேல் அவசரமாக அழைக்கப்பட்டார். ஏப்ரல் 6ஆம் நாள் இலண்டன் ராயல் ஆல்பர்ட் அரங்கில், கூறேஜ் நிறுவனத்தின் குட்டை ஆடையணிந்து பாடி, 29 புள்ளிகள் பெற்று வென்றார். 'கங்கிராஜுலேஷன்ஸ்' பாடிய கிளிஃப் ரிச்சர்டுக்குக் கிடைத்தவை 28.

இந்நிகழ்வுகள் ஸ்பெயினில் யாவரும் அறிந்தவை. முடிவு முன்பே தெரிந்த கதையைச் சுவை குன்றாமல் கூறுவது எங்ஙனம் என்பதே ஆசிரியர்களின் முதற்சிக்கல். அவர்கள் கண்ட வழி, எஸ்தேபான் கெர்ரா என்னும் கற்பனைப் பாத்திரம். பத்ரிக் கிரியாதோ ஏற்றுள்ள இப்பாத்திரம், யூரோவிஷனை எவ்வாறேனும் வென்று வருமாறு பணிக்கப்பட்ட ஓர் இளம் தொலைக்காட்சி அலுவலர். ஏனையோர் பலரும் வரலாற்றில் வாழ்ந்தோர். ஆஸ்திரியாவில் பிறந்து ஸ்பானியத் தொலைக்காட்சியின் கேளிக்கை நிகழ்ச்சிகளை வடிவமைத்த ஆர்துர் காப்ஸ் அவர்களுள் ஒருவர். மெய்ம்மாந்தர் நடுவே ஒரு கற்பனை மாந்தரை நிறுத்துவது வரலாற்றுப் புனைவின் பழைய உத்தி. ஆயினும் அவரை எங்கே நிறுத்துகிறோம் என்பதைப் பொறுத்தே கதையின் அறம் அமைகிறது. இங்கு அவர் அலுவலகத்தினுள் நிற்கிறார்.

இதனால் விளையும் நன்மையை முதலில் கூறுவது முறை. இசைத்தொழில் குறித்த தொடர்கள் பெரும்பாலும் பாடகரின் எழுச்சியையும் வீழ்ச்சியையுமே பின்தொடர்வன. 2023இல் வெளிவந்த 'கமீலோ சூப்பர்ஸ்டார்' தொடர்கூட, தம் சொந்தப் பணத்தைக் கொட்டி 1975இல் மத்ரித்தில் ராக் இசைநாடகம் ஒன்றை மேடையேற்றிய கமீலோ செஸ்தோவின் துணிவைச் சுற்றியே இயங்கியது. 'லா கன்சியோன்' அவ்வாறன்று. ஒரு பாடல் பண்டமாகும் முறையை அது காட்டுகிறது. செர்ராத்தின் ஸ்பானிய மொழிப் பாடல்களை வெளியிட்டதும், மாஸியேலின் இசைத்தட்டுகளை வெளியிட்டதும் ஸஃபீரோ நிறுவனத்தின் 'நொவோலா' என்னும் ஒரே முத்திரைதான். ஆகவே பாடகர் மாறினாலும் வணிகம் கைமாறவில்லை. இசைக்கோவையை அமைத்தவரோ செர்மானியரான பெர்ட் கெம்ப்ஃபெர்ட். நாட்டின் குரல் எனப் போற்றப்பட்ட ஒரு பாடல் எத்தனை கைகளின் கூட்டுத் தயாரிப்பு என்பதை இதிலிருந்து உணரலாம்.

ஆனால் அலுவலகச் சன்னலிலிருந்து நோக்குபவருக்குச் செர்ராத்தின் மறுப்பு ஓர் இடையூறாகவே தோன்றும். கதை வெற்றியை நோக்கி விரைகிறது. விரையும் கதையில் மறுப்பவன் தடைக்கல் ஆகிறான். நகைச்சுவை மிளிரும் இத்தொடரின் மீது கட்டுரையாளருக்குள்ள முதன்மையான மனக்குறை இதுவே. கத்தலான் மொழி ஃப்ராங்கோ ஆட்சியில் பள்ளிகளிலிருந்தும் அரசு அலுவல்களிலிருந்தும் அகற்றப்பட்டிருந்தது. அம்மொழியில் பாடிவந்த செர்ராத், ஸ்பானிய மொழியிலும் பாடத் தொடங்கியதற்காகத் தம் இயக்கத்தாரின் கடுஞ்சொற்களுக்கு ஆளாகியிருந்தார். ஒருபுறம் அரசு, மறுபுறம் தம்மவர். அவரது முடிவை மொழிப்பற்று என்றோ பிடிவாதம் என்றோ ஒற்றைச் சொல்லால் அளந்துவிட இயலாது. அவ்விருமுனை நெருக்கடி தனியொரு பகுதிக்கே உரிய பொருள். மூன்று பகுதிகளின் குறுகிய வெளியில் அதற்கு உரிய இடம் வாய்க்கவில்லை. தொடர்ந்து வந்த ஆண்டுகளில் அரசுத் தொலைக்காட்சி அவருக்குக் கதவடைத்தது என்பதும் வெற்றியின் ஆரவாரத்தில் மங்கிப்போகிறது.

கட்டுரையாளர் வெளிநாட்டில் முனைவர் பட்ட ஆய்வு மேற்கொண்ட காலத்தில், உடன் தங்கியிருந்த கத்தலான் மாணவர் ஒருவர் கூறியது நினைவுக்கு வருகிறது. வானொலியில் இப்பாடல் ஒலித்தால் அவருடைய தந்தையார் ஒன்றும் பேசாமல் எழுந்து சென்று ஒலியைக் குறைத்துவிடுவாராம். அணைப்பதில்லை, குறைப்பதோடு சரி. பாடலின் இன்பத்தையும் அதன் கசப்பையும் ஒரே செயலில் வைத்த அத்தந்தையை இத்தொடரில் தேடினேன்.

மாஸியேலின் பாத்திர வார்ப்பில் தொடர் வெற்றி கண்டுள்ளது. அரசுக்கு வெற்றி ஈட்டித் தந்த பாடகி அரசின் பாடகி அல்லர் என்பதே இவ்வரலாற்றின் உண்மையான முரண். லூயிஸ் எதுவார்தோ ஆவ்தே இயற்றிய பாடல்களால் புகழ்பெற்று, பின்னாளில் பிரெக்ட்டின் பாடல்களை மேடையேற்றியவர் அவர். மாற்றாளாக அழைக்கப்பட்டவர் என்ற சிறுமையும் வாய்ப்பை நழுவவிடாத கூர்மையும் யுஸ்தேயின் நடிப்பில் பிரிக்கவொண்ணாமல் கலந்துள்ளன. தோழர் ஒருவர் விட்டுச்சென்ற இடத்தை ஏற்பது துரோகமா, தொழிலா என்னும் வினாவை வசனத்தைவிட அவருடைய முகமே கனமாகச் சுமக்கிறது.

வெற்றியைப் பற்றி ஓர் ஐயம் நெடுங்காலமாக உலவிவருகிறது. டிவிஇ அலுவலர்கள் ஐரோப்பாவெங்கும் சென்று வாக்குகளை விலைக்கு வாங்கினர் என்னும் கூற்று 2008இல் ஓர் ஆவணப்படத்தின் வழிப் பெரும் பரபரப்பை உண்டாக்கியது. அதற்கு உறுதியான சான்று எதுவும் காட்டப்படவில்லை. இதில் கணக்கொன்று கருதத்தக்கது. அக்கால விதிப்படி, பங்கேற்ற 17 நாடுகளிலும் பத்து நடுவர்கள் அமர்ந்து ஆளுக்கொரு வாக்கு அளித்தனர். எனவே 29க்கும் 28க்கும் இடையிலுள்ள வேறுபாடு ஒரே ஒரு மனிதரின் விருப்பம். மேற்கு செர்மனியின் பத்து வாக்குகளில் ஆறு ஸ்பெயினுக்குச் சென்றன. வெற்றி இத்துணை மெல்லிய நூலில் தொங்கும்போது சூழ்ச்சிக் கதைகள் முளைப்பது இயல்பே. கதையைக் காட்டிலும் கணக்கே சுவையானது எனக் கட்டுரையாளர் கருதுகிறார்.

ஆடை, அறைகலன், சிகையலங்காரம் ஆகியவற்றில் காலச்சூழல் பொருந்தியுள்ளது. இன்றைய தொடர்களில் இது வியத்தற்குரிய ஒன்றன்று.

துணைத்தலைப்புகளை நம்பிப் பார்ப்போர்க்கு ஓர் எச்சரிக்கை. கத்தலானையும் ஸ்பானியத்தையும் ஒரே ஆங்கிலமாக்கித் தரும் வரிகள், எதன்பொருட்டுப் பூசல் எழுந்ததோ அதனையே அழித்துவிடுகின்றன. செர்ராத்தின் இரு ஒலிப்பதிவுகளையும் அடுத்தடுத்துக் கேட்டபின் தொடரைப் பார்ப்பது நலம். பல்லவி இரண்டிலும் ஒன்றே. அடிகள் தொடங்கும்போது வேறொரு மனிதர் பாடுவது போலிருக்கும்.

1969ஆம் ஆண்டுப் போட்டி மத்ரித்தின் தெயாத்ரோ ரெயால் அரங்கில் நடைபெற்றது. ஸ்பெயினின் சார்பில் பாடிய சலோமே, மேலும் மூன்று நாட்டினரோடு முதலிடத்தைப் பகிர்ந்துகொண்டார். அவரும் பார்சலோனாவைச் சேர்ந்தவர். 1963இல் மத்தியதரைக்கடல் பாடல் விழாவில் ராய்மோனுடன் இணைந்து கத்தலான் பாடலொன்றைப் பாடிப் பரிசு பெற்றவர். மத்ரித்தில் அவர் பாடியது ஸ்பானிய மொழியில். யூரோவிஷன் மேடையில் கத்தலான் ஒலித்தது 2004ஆம் ஆண்டில்தான். அப்பாடலை அனுப்பிய நாடு அண்டோரா.