மௌனம் யாருடைய விடை?
‘கொட்டுக்காளி’யின் முடிவை முன்வைத்து

பி.எஸ். வினோத்ராஜின் ‘கொட்டுக்காளி’ 2024 பிப்ரவரியில் பெர்லின் திரைப்பட விழாவின் ஃபோரம் பிரிவில் முதன்முதலாகத் திரையிடப்பட்டு, அவ்வாண்டு ஆகஸ்ட் 23 அன்று தமிழகத் திரையரங்குகளுக்கு வந்தது. மாரி செல்வராஜின் ‘வாழை’யும் அதே நாளில் வெளியானது. வினோத்ராஜின் முந்தைய படமான ‘கூழாங்கல்’ 2021இல் ரோட்டர்டாமில் புலி விருது பெற்றிருந்ததால் இப்படத்தின்மீது எதிர்பார்ப்பு மிகுந்திருந்தது. ஆனால் அரங்கை விட்டு வெளியே வந்தவர்களில் பலர் கேட்ட கேள்வி ஒன்றுதான்: ‘முடிவு எங்கே?’

இக்கேள்வி இராசிபுரத்தில் நம் நண்பர் ஒருவரது இல்லத்திலும் எழுந்தது. மஃரிபுக்குப் பின் எண்மர் கூடி வீட்டுத் திரையில் படத்தைப் பார்த்தோம். பேச்சு இஷாவையும் தாண்டி நீண்டது. முடிக்கத் தெரியாத இயக்குநர் பார்வையாளன் தலையில் பொறுப்பைக் கட்டிவிட்டார் என்றார் ஒருவர். முடிவைச் சொல்லாமல் விட்டதே படத்தின் உச்சம் என்றார் மற்றொருவர். பாண்டி வண்டியைத் திருப்பிக்கொண்டு வீடு போய்ச் சேர்ந்திருப்பான் என்று உறுதியாக நம்பினார் மூன்றாமவர். கூட்டத்திலிருந்த ஒரே பெண்மணி, ஓய்வுபெற்ற ஆசிரியை, கடைசியாகக் கேட்டார்: “அந்தப் பொண்ணுதான் மொதல்லயே சொல்லிட்டாளே, அப்புறம் என்ன முடிவைத் தேடுறீங்க?” இக்கட்டுரை அவர் கேள்வியிலிருந்து பிறந்தது.

படத்தைப் பாராதவர்களுக்காகக் கதையைச் சுருக்கிச் சொல்வோம். மதுரை வட்டாரச் சிற்றூர் ஒன்றில் மீனா (அன்னா பென்) என்னும் பெண், முறைமாமன் பாண்டிக்கு (சூரி) என்று நிச்சயிக்கப்பட்டவள். கல்லூரிக்குச் சென்ற இடத்தில் அவள் மனம் வேறொருவனிடம் சென்றுவிடுகிறது. அவனோ வீட்டார் தாழ்ந்ததாகக் கருதும் சாதியைச் சேர்ந்தவன். இது அவள் விருப்பமாக இருக்க முடியாது, யாரோ வைத்த மருந்தாகவோ ஏவிய பேயாகவோதான் இருக்கவேண்டும் என்று குடும்பம் தீர்மானிக்கிறது. ஒரு சேவலையும் அவளையும் ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு, முன்னும் பின்னும் இருசக்கர வாகனங்கள் சூழ, சாமியாடியிடம் பயணமாகிறார்கள். இந்தப் பயணமே படம். பின்னணி இசை இல்லை. சாலையின் சத்தமும் காற்றும் வசவும் மட்டுமே கேட்கின்றன. சாமியாடியின் இடத்தில், தங்களுக்கு முன் வந்த வேறொரு பெண்ணுக்குப் ‘பேயோட்டும்’ பெயரால் அவன் செய்வதைப் பாண்டி பார்க்கிறான். அந்தக் கை எங்கெல்லாம் செல்கிறது என்பதையும் பார்க்கிறான். அடுத்தவள் மீனா. அவனுக்குள் ஏதோ அசைகிறது. அத்துடன் படம் நின்றுவிடுகிறது.

‘கொட்டுக்காளி’ என்றால் பிடிவாதக்காரி. ஆனால் இந்தப் பிடிவாதக்காரி ஏறக்குறைய வாயே திறப்பதில்லை. சுற்றியிருப்போர் அனைவரும் பேசிக்கொண்டே இருக்கிறார்கள். தொண்டை கட்டிப்போய், சுண்ணாம்பு தடவிய கழுத்துடன் பாண்டியும் கரகரத்த குரலில் அதட்டுகிறான். வழியில் ஒலிக்கும் பாட்டொன்றை மீனா வாய்க்குள் முணுமுணுத்தது அவன் காதில் விழுகிறது. அந்த முணுமுணுப்பு ஒன்றுக்காக அவளை அடிக்கிறான். தடுக்க வந்த பெண்களையும் விட்டுவைக்காமல் அடிக்கிறான். எண்மரும் ஒருமித்துப் பாராட்டிய காட்சி இதுதான். ஒரு பெண்ணின் மௌனத்தைப் பொறுத்துக்கொள்ளும் ஆண், அம்மௌனத்துக்குள் அவளுக்கென்று ஒரு பாட்டு இருக்கிறது என்று தெரிந்ததும் நிலைகுலைகிறான். இதை ஒரு வசனமும் இன்றிக் காட்டியிருப்பது எளிய காரியமன்று. வழியை மறித்து நிற்கும் காளையை இத்தனை ஆண்களாலும் நகர்த்த முடியாதபோது சிறுமி ஒருத்தி வந்து ஓட்டிச் செல்லும் காட்சியையும் பலர் புகழ்கின்றனர். அதில் குறியீடு சற்றுத் துருத்திக்கொண்டு நிற்பதாகவே நமக்குப் பட்டது. சேவலுக்கும் மீனாவுக்குமான ஒப்புமையும் அவ்வாறே. ஒருமுறை காட்டினால் போதுமானது.

மௌனம் என்றதும் நம்மவர்க்கு நினைவுக்கு வருவது நிக்காஹ். கன்னிப் பெண்ணிடம் அனுமதி கேட்கப்படவேண்டும், அவள் வெட்கத்தால் பேசாதிருப்பின் அம்மௌனமே அனுமதி என்ற கருத்தில் அமைந்த நபிமொழி நாம் அறிந்தது. வக்கீலும் இரு சாட்சிகளும் பெண் இருக்கும் அறைக்குச் சென்று, மாப்பிள்ளையின் பெயரையும் மஹரையும் சொல்லிக் கேட்பதும், அவள் தலைகுனிந்திருப்பதும், பிறகு தஃப்தரில் கையெழுத்திடுவதும் நம் வீடுகளில் வழமை. ‘மௌனம் சம்மதம்’ என்பது தமிழில் பழமொழியாகவே ஆகிவிட்டது.

ஆனால் ஃபிக்ஹு அறிஞர்கள் இந்தப் பழமொழியோடு நின்றுவிடவில்லை. நம் வட்டார முஸ்லிம்களில் பெரும்பாலோர் பின்பற்றும் ஹனஃபீ மத்ஹபின் அடிப்படை நூல்களுள் ஒன்றான ‘ஹிதாயா’வில், ஹிஜ்ரி 593இல் மறைந்த இமாம் மர்கீனானீ, மௌனத்தை ஏறத்தாழ ஒரு மருத்துவரைப் போல ஆராய்கிறார். கேட்பவர் உரிய வலியாக இல்லாவிடில் அவளது மௌனம் சம்மதமாகாது. அவள் வாய்திறந்து சொல்லவேண்டும். சிரித்தால் சம்மதம், ஆனால் ஏளனச் சிரிப்பு சம்மதமன்று. அழுதால் மறுப்பு, எனினும் ஓசையின்றி வரும் கண்ணீரை மறுப்பாகக் கொள்ளலாகாது என்ற கருத்தும் உண்டு. ஒரு பெண்ணின் முகத்தை இவ்வளவு நுணுக்கமாகப் படிக்கவேண்டும் என்று எட்டு நூற்றாண்டுகளுக்கு முன் ஒரு சட்டநூல் சொல்கிறது. தந்தை விருப்பத்துக்கு மாறாக மணமுடித்துவைத்த கன்ஸா பின்த் கிதாம் (ரலி) முறையிட்டபோது நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் அத்திருமணத்தையே செல்லாததாக்கினார்கள் என்பது புகாரீயில் உள்ள செய்தி. அவர் ஏற்கெனவே மணமானவர் என்பதையும் சேர்த்துச் சொல்வதே நேர்மை. கன்னிப் பெண் விஷயத்தில் மத்ஹபுகளிடையே கருத்து வேறுபாடு உண்டு. ஷாஃபிஈ மத்ஹப் தந்தைக்குக் கூடுதல் அதிகாரம் அளிக்கிறது.

நஸாயீ, இப்னு மாஜா தொகுப்புகளில் வேறொரு நிகழ்ச்சி காணப்படுகிறது. அதன் அறிவிப்புத் தொடர் குறித்து அறிஞரிடையே விவாதம் உண்டு. தந்தை தன்னைக் கேளாமல் மணமுடித்துவைத்தார் என்று ஒரு பெண் முறையிடுகிறாள். முடிவு அவளிடமே ஒப்படைக்கப்படுகிறது. அவளோ, தந்தை செய்ததை ஏற்றுக்கொள்கிறேன், இவ்விஷயத்தில் தந்தையருக்கு அதிகாரமில்லை என்பதைப் பெண்கள் அறியவேண்டும் என்றே வந்தேன் என்கிறாள். ‘அப்புறம் என்ன ஆயிற்று’ என்று தேடுவோருக்கு இங்கு எதுவும் நிகழவில்லை. மணம் முன்போலவே நிலைக்கிறது. ஆயினும் எல்லாம் மாறிவிடுகிறது.

மீனாவின் மௌனத்தை இந்த வெளிச்சத்தில் பார்த்தால், அதில் ஐயத்துக்கு இடமே இல்லை. எந்த ஃபகீஹிடம் கொண்டுபோய்க் காட்டினாலும் அதை மறுப்பு என்றே சொல்வார். குடும்பமும் அதை மறுப்பு என்று அறிந்துதான் பேய் என்று பெயர் சூட்டுகிறது. ஆசிரியை சொன்னதும் இதைத்தான். ஆகவே படத்தின் முடிவு தெளிவற்றது என்போரோடும், அத்தெளிவின்மையே அதன் மேன்மை என்போரோடும் நாம் ஒருங்கே மாறுபடுகிறோம். தெளிவற்றிருப்பது பாண்டி மட்டுமே. தொடக்கம் முதல் மீனாவின் மறுப்பைச் சுற்றிவந்த படம், இறுதியில் அவளை ஆட்டோவில் இருத்திவிட்டு, ‘அவன் என்ன செய்வான்?’ என்ற கேள்விக்கு நம்மை அழைத்துச் செல்கிறது. பார்வையும் அவனுடையதாகிறது, முடிவுசெய்யும் உரிமையும் அவனிடமே தங்கிவிடுகிறது. அவன் மனம் திருந்தினால் அவள் தப்பினாள், திருந்தாவிடில் இல்லை. அவளைக் கேட்காமலேயே அவளை மீட்பது பற்றி எண்மர் இரண்டு மணிநேரம் விவாதித்தோம் என்பதே இதற்குச் சான்று.

ஈரானிய இயக்குநர் அஸ்கர் ஃபர்ஹாதியின் ‘ஒரு பிரிவு’ (2011) இதே பெர்லினில் தங்கக் கரடி விருதையும், 2012இல் ஆஸ்கரையும் வென்றது. அதன் முடிவும் திறந்ததே. மணவிலக்குப் பெறும் பெற்றோரில் யாருடன் வாழப்போகிறாய் என்று சிறுமி தெர்மேயிடம் நீதிபதி கேட்கிறார். முடிவு செய்துவிட்டேன் என்கிறாள். பெற்றோர் வெளியே அனுப்பப்பட்டு நடைக்கூடத்தில் காத்திருக்கிறார்கள், நாமும் காத்திருக்கிறோம். அங்கே விடை இருக்கிறது, அது ஒரு பெண்குழந்தையின் வாயில் இருக்கிறது, அதைக் கேட்கும் தகுதி நமக்கு அளிக்கப்படவில்லை. இங்கே பெண்ணின் விடை நமக்கு முன்பே தெரியும். ஆணின் விடைக்காகக் காத்திருக்கிறோம். இரண்டையும் ‘திறந்த முடிவு’ என்ற ஒரே பெயரால் அழைப்பது பொருந்தாது.

எதிர்வாதமும் வலுவானதே. இந்நிலத்தில் விடை ஆணின் கையில்தான் இருக்கிறது, படம் உள்ளதைக் காட்டுகிறது என்றார் நண்பர். அவருக்குத் துணையாக நம் பக்கத்து ஊரே நிற்கிறது. 2015 ஜூனில் திருச்செங்கோடு மலைக்கோயிலுக்குத் தோழியுடன் சென்ற ஓமலூர்ப் பட்டியலின இளைஞர், மறுநாள் பள்ளிபாளையம் அருகே தண்டவாளத்தில் பிணமாகக் கிடந்தார். 2022 மார்ச்சில் மதுரை நீதிமன்றம் பத்துப் பேருக்கு ஆயுள்தண்டனை விதித்தது. அதே திருச்செங்கோட்டுத் தேர்த்திருவிழாவை வைத்து எழுதப்பட்ட பெருமாள்முருகனின் ‘மாதொருபாகன்’ (2010) நாவலும் முடிவைச் சொல்லாமல் காளியைப் பூவரச மரத்தடியில் விட்டுவிட்டது. பிறகு ஆசிரியரே அவன் இறந்ததாக ‘ஆலவாயன்’, பிழைத்ததாக ‘அர்த்தநாரி’ என இரு நாவல்களை 2014இல் எழுதினார். பிழைத்துவரும் காளி மனைவி பொன்னாவைப் பேசாமை கொண்டே தண்டிக்கிறான். ஆணின் மௌனம் அங்கே தண்டனை, மீனாவின் மௌனம் இங்கே மறுப்பு. தமிழில் இவ்விரண்டையும் அருகருகே வைத்து எழுதப்படவேண்டிய ஆய்வு வேறு.

நண்பர் வாதத்தில் உண்மை இருப்பினும், உள்ளதைக் காட்டுவதில் இப்படம் அதற்கு முன்பே வென்றுவிட்டது. கடைசி நிமிடங்கள் காட்டுவதோடு நிற்கவில்லை. ஆணின் மனமாற்றத்தை நாம் விரும்பும்படி செய்கின்றன. அந்த விருப்பம் நமக்கு இனிமையாக இருக்கிறது என்பதுதான் நமது ஆட்சேபம்.

‘இது அவர்கள் சாதிப் பிரச்சினை, நமக்கென்ன’ என்ற குரலும் அன்று எழுந்தது. இந்நிம்மதி நமக்கு உரியதன்று. 2001 ஆகஸ்ட் 6 அன்று ஏர்வாடியில், தர்காவை அண்டி நடத்தப்பட்ட தனியார் மனநல விடுதியின் கூரை தீப்பற்றியபோது, சங்கிலியால் பிணைக்கப்பட்டிருந்ததால் ஓடமுடியாமல் 28 பேர் மாண்டனர். அவர்களில் எத்தனை பேருக்கு நோயைப் பேய் என்று பெயர் மாற்றி வீட்டார் கொண்டுவந்து விட்டனர் என்று நம் பத்திரிகைகள் போதிய அளவு எழுதவில்லை. ராவுத்தர், லெப்பை, மரைக்காயர், தக்கனி என்ற கோடுகளைத் தாண்டி ஒரு சம்பந்தம் பேசப்பட்டால் நம் வீட்டுக் கூடங்களில் எழும் குரல், பாண்டியின் குரலிலிருந்து எவ்வளவு வேறுபட்டது? கஃபாஅத் பற்றி ஹிதாயாவின் பக்கங்களைப் புரட்டுபவர்கள், மௌனம் பற்றிய பக்கத்துக்கும் சற்றுத் திரும்பலாம்.

முடிவில் குறை கண்டோம் என்பதால் படத்தின் தரம் குறைந்துவிட்டதாகக் கொள்ளவேண்டாம். அண்மைக்காலத் தமிழ்ப் படங்களுள் பேசாத ஒரு பெண்ணை இவ்வளவு உரக்கக் கேட்கவைத்த படம் வேறொன்று நம் நினைவுக்கு வரவில்லை. அதன் சிறப்பு பாண்டி திரும்பினானா என்பதில் இல்லை. அந்த முணுமுணுப்பில் இருக்கிறது. அன்றிரவு கலைந்துசெல்லும் முன் ஆசிரியை அக்காட்சியை மட்டும் இன்னொருமுறை போடச் சொன்னார். பாண்டி வீடு திரும்பியிருப்பான் என்று வாதிட்டவர் செருப்பை மாட்டியபடி வாசலில் நின்றவர், கழற்றிவிட்டு உள்ளே வந்து அமர்ந்தார்.