இடத்தால் தொகுத்த இருள்: ‘16/330 கஜூர் ரோடு’ இசைத்தொகுப்பும் தமிழ்ச் செய்யுள் மரபும்

ஒரு பாட்டைத் தனியே எடுத்துப் பொருள் கொள்வதும், அது நிற்கும் தொகுப்போடு சேர்த்துப் பொருள் கொள்வதும் ஒன்றல்ல. தமிழ்ப் புலமை மரபு நன்கறிந்த இவ்வேறுபாடு, ராக் இசைப் பாடல்கள் பற்றிய திறனாய்வில் போதிய அளவு கவனிக்கப்படவில்லை. 1960களின் பிற்பகுதியில் இங்கிலாந்தில் வளர்ந்த ‘புரோகிரஸிவ் ராக்’ என்னும் இசைவகை, ஓர் இசைத்தட்டு முழுவதையும் ஒரே கருத்தால் கோக்கும் முறையைப் பெரிதும் கையாண்டது. சாவு, மனப்பிறழ்வு, தனிமை, போர் ஆகியவை அத்தொகுப்புகளின் விருப்பமான பாடுபொருள்கள். அவற்றின் இருண்ட வரிகளை எழுதியவரின் வாழ்க்கைக் குறிப்பாகவே படித்துவிடுவது பெருவழக்கு. இப்படிப்பு முறை எங்கே தவறுகிறது என்பதைத் தில்லியில் உருவான ஓர் இசைத்தொகுப்பைக் கொண்டு இக்கட்டுரை ஆராய்கிறது.

தில்லி புசா ரோடு தமிழர்க்குப் புதிய பெயரன்று. தில்லித் தமிழ்க் கல்விக் கழகத்தின் பள்ளிகளுள் ஒன்று அச்சாலையில் உள்ளது; அதனையடுத்த கரோல்பாக் பகுதி தலைநகரில் தமிழர் நெடுங்காலமாகக் குடியிருந்துவரும் பகுதிகளுள் ஒன்று. ‘புசா’ என்பதும் தில்லிக்குரிய பெயரன்று. பீகாரில் புசா என்னும் ஊரில் இருந்த வேளாண் ஆராய்ச்சி நிலையம் 1934ஆம் ஆண்டு நிலநடுக்கத்தில் சிதைந்தபின், 1936இல் தில்லிக்கு மாற்றப்பட்டது. நிலையத்தோடு ஊர்ப்பெயரும் உடன் வந்தது.

இதே கரோல்பாக்கில் கஜூர் ரோட்டில் இருந்த ஒரு பழைய பங்களா வீட்டில்தான் ‘இந்தியன் ஓஷன்’ என்னும் இசைக்குழு 1990களின் பிற்பகுதி முதல் பயிற்சி செய்தும் பாடல்களை உருவாக்கியும் வந்தது. சுஷ்மித் சென்னும் அஷீம் சக்கரவர்த்தியும் 1990இல் தொடங்கிய குழு இது. பின்னர் ராகுல் ராமும் அமித் கிலமும் சேர்ந்தனர். 2010இல் வெளியான தொகுப்புக்கு அவ்வீட்டின் முகவரியையே, எண் உட்பட, பெயராக வைத்தனர். பாடல்கள் ஏழு. அவை கடையில் விற்கும் தட்டாக முதலில் வரவில்லை. 2010 ஜூலை தொடங்கி மாதம் ஒரு பாட்டாக இணையத்தில் விலையின்றி வழங்கப்பட்டன. இதற்கிடையில் 2009 டிசம்பர் 25 அன்று, குழுவின் தாளக் கலைஞரும் பாடகருமான அஷீம் சக்கரவர்த்தி காலமானார். அவர் குரல் இடம்பெற்ற இறுதித் தொகுப்பு இதுவே. முதற்பாட்டைக் கேட்டவர் பலரும் இச்செய்தியை அறிந்தே கேட்டனர். திறனாய்வுச் சிக்கல் இங்குதான் தொடங்குகிறது.

தொகைநிலையும் தொடர்நிலையும்

தண்டியலங்காரம் செய்யுளை முத்தகம், குளகம், தொகைநிலை, தொடர்நிலை என நான்காக்குகிறது. தொடர்நிலை பொருளால் தொடர்வதும் சொல்லால் தொடர்வதும் என இருவகைப்படும். தொகைநிலை ஒருவர் பாடியதாகவோ பலர் பாடியதாகவோ இருக்கலாம். பொருள், இடம், காலம், தொழில், பாட்டு, அளவு ஆகியவற்றுள் ஒன்றால் தொகுக்கப்பட்டதாகவும் இருக்கலாம். இப்பகுப்பை மேனாட்டு இசைத்தொகுப்புகளின்மீது வலிந்து ஏற்றுவதாகத் தோன்றலாம். ஆனால் ‘கருத்துத் தொகுப்பு’ என்னும் ஒரே சொல்லால் அவையனைத்தையும் சுட்டிவிடும் இன்றைய வழக்கைவிட இப்பகுப்பு நுட்பமானது என்பதைச் சில எடுத்துக்காட்டுகளே காட்டும்.

பிங்க் ஃபிளாய்ட் குழுவின் ‘தி வால்’ (1979) பொருள் தொடர்நிலை. ‘பிங்க்’ என்னும் கற்பனைப் பாடகன் தன்னைச் சுற்றி மதில் எழுப்பி, அதற்குள் சிதைந்து, இறுதியில் அம்மதில் இடிய வெளிப்படும் கதை அதில் உள்ளது. அதே தொகுப்பு சொல்லாலும் தொடர்கிறது: இறுதியில் பேச்சாக ஒலிக்கும் ஒரு தொடர் பாதியில் நிற்க, அதன் எஞ்சிய பாதி தொகுப்பின் தொடக்கத்திலேயே வைக்கப்பட்டுள்ளது. அந்தாதி மண்டலித்து முடிவதை அறிந்த வாசகர் இதனை ஓர் உத்தி விளையாட்டாகக் கொள்ளார். முடிவு தொடக்கத்தில் சென்று பொருந்துவதால், மதில் இடிந்ததும் விடுதலை என்னும் எளிய பொருள் மறுக்கப்படுகிறது. மதில் மீண்டும் எழும் என்பது சொல்லப்படாமலே பெறப்படுகிறது. தொகுப்பிலிருந்து ஒரு பாட்டைப் பெயர்த்தெடுத்துப் படிப்பவர்க்கு இப்பொருள் கிட்டாது. அதன் பாடலாசிரியர் ரோஜர் வாட்டர்ஸின் தந்தை 1944இல் இத்தாலியின் ஆன்ட்ஸியோ போர்முனையில் மாண்டவர் என்பது உண்மையே. தந்தையற்ற சிறுவன் கதையில் வருவதற்கு அது காரணமாகலாம். ஆனால் தொகுப்பு ஏன் வட்டமாக முடிகிறது என்பதற்கு அச்செய்தியிடம் விடையில்லை.

இதே குழுவின் ‘விஷ் யூ வேர் ஹியர்’ (1975) வேறொரு கருவியை வேண்டுகிறது. குழுவைத் தோற்றுவித்தவர்களுள் ஒருவரான சிட் பாரெட் மனநலம் குலைந்து 1968இல் விலகினார். அவர் நினைவு இத்தொகுப்பின் உயிர்நாடி. இதனை இரங்கற்பா என்று எழுதுவோர் உளர். பாரெட்டோ 2006 வரை வாழ்ந்தவர். பாடல் உருவாகிக்கொண்டிருந்த 1975 ஜூன் மாதம் ஒலிப்பதிவுக் கூடத்துக்கே வந்தார், நண்பர்களால் முதலில் அடையாளம் காணப்படவும் இல்லை. தொல்காப்பிய மெய்ப்பாட்டியல் அழுகைக்குக் கூறும் நிலைக்களன்கள் நான்கனுள் இழத்தல் வேறு, முன்னை நிலை கெட்டுத் தளர்தல் வேறு. இறந்தாரை எண்ணி வரும் அழுகைக்கும், உயிரோடிருந்தும் பழையவராக இல்லாதாரை எண்ணி வரும் அழுகைக்கும் இடையிலான எல்லையை அந்நூல் வரைந்து வைத்துள்ளது. உரையாசிரியர் தன்பொருட்டு அழுவதையும் பிறர் துயர் கண்டு அழுவதையும் மேலும் பிரித்தனர். ‘சோகம்’ என்ற ஒற்றைச் சொல்லால் இவையனைத்தையும் மூடிவிடும் இசை விமரிசனத்தில், இழவும் அசைவும் ஒன்றாகிவிடுகின்றன.

இனி, கஜூர் ரோடு. இதில் கதை இல்லை, பாத்திரம் இல்லை, ஒரு பாட்டின் ஈறு மறுபாட்டின் தொடக்கமாவதும் இல்லை. ஆகவே இதனைக் கருத்துத் தொகுப்பே அன்று எனத் தள்ளுவது எளிது. தண்டியாசிரியர் வழிநின்று பார்த்தால் இது தொகைநிலை. அதனுள்ளும் இடத்தால் தொகுத்தது. அவ்வகைக்கு உரை காட்டும் எடுத்துக்காட்டு களவழி நாற்பது. சோழன் செங்கணானும் சேரன் கணைக்காலிரும்பொறையும் பொருத கழுமலக் களத்தைப் பாடும் அந்நூலில், ஒவ்வொரு பாட்டும் போர்க்களத்தைச் சுட்டியே முடிகிறது. நாற்பது பாட்டையும் பிணிப்பது நிகழ்ச்சி வரிசையன்று, நிலம். குருதியும் யானைப் பிணங்களும் நிறைந்த அவ்வருணனைகளைத் தனித்தனியே எடுத்தால் மிகையுவமைகளாகவே நிற்கும். ஒரே களத்துக்கு மீண்டும் மீண்டும் திரும்புவதால்தான் அங்கு அவலம் திரள்கிறது.

ஒப்புமை முழுதும் பொருந்துவதன்று. களவழியில் இடம் பாடப்படும் பொருள். கஜூர் ரோடு தொகுப்பிலோ ஏழு பாடல்களின் தலைப்பு எதிலும் அத்தெரு இல்லை, வீடும் இல்லை. அங்கே இடம் என்பது பாடிய இடம். புலவர் நின்ற இடத்தை நூலின் பெயராக்கியது போன்றது அது. இவ்வேறுபாடு சிறிதன்று. பாடப்பட்ட களம் பாட்டுக்குள் கிடைக்கும். பாடிய களத்தைக் கேட்பவர் வெளியிலிருந்து கொணர வேண்டும். ஆகவே தொகுப்பின் பெயர் கொளுவின் வேலையைச் செய்கிறது.

கையறுநிலை என்னும் மயக்கம்

கொளுவின் ஆற்றலைப் புறநானூற்று 112ஆம் பாட்டு நன்கு விளக்கும். இரு முழுநிலவு நாள்களை ஒப்பிடும் அச்சிறு பாட்டில் மகளிர் பெயரோ பாரி என்னும் பெயரோ இல்லை. பாரி மகளிர் பாடியது, துறை கையறுநிலை என்னும் குறிப்பே நம்மை அவ்விரவின் துயருக்குள் இட்டுச் செல்கிறது. குறிப்பு உண்மையாயின் பாட்டு திறக்கும். குறிப்பு பின்னர் ஒட்டப்பட்டதாயின், பாட்டில் இல்லாத சாவு பாட்டினுள் நுழையும்.

கஜூர் ரோடு தொகுப்புக்கு நேர்ந்தது இரண்டாவது. 2009 டிசம்பர் நிகழ்ச்சி, எழுதப்படாத கொளுவாக ஏழு பாடல்களின் தலையிலும் ஏறியது. வெறுமை எனப் பொருள்படும் ‘சூன்யா’ என்னும் தலைப்பை அந்நிலையில் கேட்பவர் வேறெவ்வாறு கேட்பார்? எனினும் அக்குரல் அவற்றில் ஒலிப்பதே, பதிவின்போது அவர் உயிருடன் இருந்தார் என்பதற்குச் சான்று. கையறுநிலை என்பது தலைவன் மறைந்தபின் எஞ்சியவர் பாடுவது. எவர் மறைவு பாடப்படுவதாகக் கருதப்படுகிறதோ அவரே பாடுநருள் ஒருவராக இருக்கும் பாட்டு அத்துறையில் அடங்காது. துயரம் கேட்போரிடத்து உண்மையாகவே தோன்றுகிறது. அதனை மறுப்பது நேர்மையன்று. ஆயின் அது கேட்போர்க்கு உரியது. கூற்று வேறு, கேட்போர் வேறு எனச் செய்யுளியல் இவற்றைத் தனித்தனி உறுப்புகளாக வைத்ததன் பயன் இத்தகைய இடத்தில் விளங்கும்.

தொகுப்பின் ‘டர்தே ஹோ’ என்னும் பாட்டு இதற்குச் சிறந்த சான்று. தலைப்பின் பொருள், ‘அஞ்சுகிறாயா’ என்பது. சொற்கள் குழுவினருடையவை அல்ல. உருதுப் புதுக்கவிதை முன்னோடிகளுள் ஒருவரான நூன் மீம் ராஷித் (1910–1975) எழுதிய கவிதை. அதே பாட்டு 2010 ஆகஸ்டில் வெளியான, அனுஷா ரிஸ்வி இயக்கிய ‘பீப்லி லைவ்’ திரைப்படத்திலும் இடம்பெற்றது. கடனால் தற்கொலைக்குத் தள்ளப்படும் உழவனையும் அச்சாவுக்காகக் காத்து நிற்கும் தொலைக்காட்சிக் கருவிகளையும் அப்படம் காட்டியது. ஆக, ஒரே கவிதைக்கு ஓராண்டிலேயே இரு களன்கள். திரைப்படத்தில் அவ்வினா, சாவை விலைபேசும் சமூகத்தை நோக்கியதாகக் கேட்கிறது. இசைத்தொகுப்பில் ஒரு பாடகனின் இல்லாமையை நோக்கியதாகக் கேட்கிறது. கவிதை எழுதப்பட்ட காலத்தில் இவ்விரண்டும் இல்லை. இவ்விடத்தில் இச்சொல் இவர் இவர்க்குக் கூறியது என உணரவைப்பதை முன்னம் என்னும் உறுப்பாகத் தொல்காப்பியம் கொள்ளும். சொல் மாறாதிருக்க முன்னம் மாறினால் பொருள் மாறுவதற்கு இதனினும் தெளிவான எடுத்துக்காட்டு அண்மைக்கால இசையில் அரிது.

இப்பாட்டின் மெய்ப்பாடு எது என்பதும் எண்ணத்தக்கது. அச்சம் என்னும் சொல் மீண்டும் மீண்டும் வருவதால் மெய்ப்பாடும் அச்சமே என்று கொள்வது பொருந்தாது. அஞ்சுபவன் முன்னிலையில் நிற்பவன். கூற்று நிகழ்த்துபவன் அஞ்சவில்லை. வாழ்க்கைக்கா, மனிதனுக்கா, இன்னும் வாராத காலத்துக்கா அஞ்சுகிறாய் என வினவிச் செல்லும் அமைப்பில், ஒவ்வொரு வினாவும் அச்சத்தின் காரணம் ஒன்றைக் கழற்றி எடுக்கிறது. எஞ்சுவது தறுகண்மையிற் பிறக்கும் பெருமிதம். இருண்ட சொற்களையுடைய பாட்டு இருண்ட பாட்டாகவே இருக்க வேண்டும் என்பதில்லை. இதனைப் புலம்பலாகக் கேட்பது, ராஷித்தின் கவிதைக்கும் குழுவினரின் தேர்வுக்கும் ஒருங்கே இழைக்கும் அநீதி.

பிறர் கவிதையைத் தேர்ந்து இசையமைப்பது இக்குழுவின் நெடிய வழக்கம். ‘கந்தீசா’ (2000) தொகுப்பின் ‘ஹில்லே லே’ கோரக் பாண்டேயின் புரட்சிப் பாட்டு. அதே தொகுப்பின் ‘மா ரேவா’ நர்மதைப் பள்ளத்தாக்கிலிருந்து வந்தது. ‘ஜீனி’ (2003) கபீரின் சொற்களுக்குச் செல்கிறது. பாடுபவரே எழுதியவர் என்னும் ராக் இசைத் திறனாய்வின் அடிப்படைக் கருதுகோள் இங்கே பயனற்றுப் போகிறது. பரிபாடலின் அடிக்குறிப்புகள் பாடியவர் ஒருவர், இசை வகுத்தவர் ஒருவர், பண் இன்னது என மூன்றையும் பிரித்துத் தருவது நினைக்கத்தக்கது. அத்தகைய குறிப்பு ஒவ்வொரு பாட்டுக்கும் இருந்தால், யாருடைய இருள் என்னும் வினா பாதி தீர்ந்துவிடும். தமிழில் இளையராஜாவின் ‘திருவாசகம்’ (2005) மாணிக்கவாசகர் சொல்லையும் ஹங்கேரி நாட்டு இசைக்குழுவின் ஒலியையும் இணைத்தபோது, அழுது அடியடைந்தவர் யார் என்பதில் எவர்க்கும் ஐயம் எழவில்லை. சொல்லின் உரிமையாளரை அனைவரும் அறிவர்.

சொல்லை மட்டும் கொண்டு செய்யும் ஆய்வுக்கு ஓர் எல்லை உண்டு. ‘கந்தீசா’ என்னும் பாட்டு, கேரளத்துச் சிரியன் கிறித்தவரின் வழிபாட்டிலிருந்து வந்த அரமேய மொழி வேண்டுதல். அதனைக் கேட்டு நெகிழ்ந்தோருள் மிகப் பலர்க்கு ஒரு சொல்லும் விளங்கியிராது. அதன் உள்ளடக்கமோ இறைவனின் தூய்மையைப் போற்றி இரக்கம் வேண்டுவது. துயரக்கதை எதுவும் அதில் இல்லை. கஜூர் ரோட்டு வீட்டில் உருவான இசையிலும் சொல் நின்று, குரல் மட்டும் இழையும் இடங்கள் உண்டு. அரங்கேற்று காதைக்கு உரை வகுத்த அடியார்க்குநல்லார் ஆளத்தி என்று விளக்குவது, சொல்லின் துணையின்றிப் பண்ணை விரிக்கும் இத்தகைய குரலையே. பாடல் வரிகளை அச்சிட்டுப் பொருள் காணும்போது அவ்விடங்கள் தாளில் வெற்றிடமாகவே நிற்கும். அஷீம் சக்கரவர்த்தியின் குரலுக்காகக் கேட்போர் மனம் கலங்குவது பெரும்பாலும் அங்கேதான். ராஷித்தின் வினா முடிந்த பிறகு எழும் ஒலிக்குத் திணையும் துறையும் வகுக்க வேண்டுமாயின், பாட்டெழுத்தை விட்டு, பஞ்சமரபு முதலிய இசையிலக்கண நூல்களோடு அவ்வொலிப்பதிவைக் கேட்டாக வேண்டும்.