இனவிதியை எழுதும் கை

கண்காட்சி வளையத்தில் நிற்கும் நாயை நடுவர் அளப்பது, அந்த இனத்துக்கென எழுதி வைத்த இனவிதியைக் கொண்டுதான். அந்த விதியை யார் எழுதுவது என்பதில் உலகம் மூன்று வழியாகப் பிரிந்து நிற்கிறது. 1873-இல் தோன்றிய பிரிட்டனின் கென்னல் கிளப், எல்லா இனங்களின் விதியையும் தன் கையிலேயே வைத்திருக்கிறது. 1884-இல் பிறந்த அமெரிக்கன் கென்னல் கிளப், ஒவ்வோர் இனத்துக்கும் உள்ள தேசியச் சங்கத்தை எழுதவிட்டு, ஒப்புதல் மட்டும் தருகிறது. 1911-இல் ஐந்து ஐரோப்பிய நாடுகள் கூடி அமைத்த எஃப்.சி.ஐ. என்ற கூட்டமைப்பு, அந்த உரிமையைத் தாய்நாட்டுக்குத் தருகிறது: அகிதாவுக்கு ஜப்பான், டால்மேஷனுக்கு குரோஷியா. சென்னையைத் தலைமையிடமாகக் கொண்ட இந்திய கென்னல் கிளப் இந்த மூன்றாவது குடும்பத்தைச் சேர்ந்தது. எழுதும் உரிமை எவரிடம் இருந்தாலும், நாயின் உடல்நலத்தில் கடைசிச் சொல் அந்த இனத்தின் ஆர்வலர்களிடம் மட்டும் இருக்கக்கூடாது என்பதே என் வாதம்.

டால்மேஷனின் கதை இதற்குப் போதும். தூய டால்மேஷன்கள் அனைத்துக்கும் ஒரு மரபணுக் குறை உண்டு. சிறுநீரில் யூரிக் அமிலம் மிகுந்து, கல் அடைத்து, குறிப்பாக ஆண் நாய்கள் துடிக்கும். இனத்துக்குள் ஒரு நாயிடமும் நல்ல மரபணு இல்லை என்னும்போது, உள்ளேயே எத்தனை தலைமுறை தேர்ந்தெடுத்தாலும் குறை தீராது. 1973-இல் ராபர்ட் ஷைபிள் என்ற அமெரிக்க மரபியலாளர் ஒரே ஒரு முறை டால்மேஷனைப் பாயின்டர் இன நாயோடு கலந்தார். பிறகு தலைமுறை தலைமுறையாக டால்மேஷனோடு மட்டுமே சேர்த்தார். 1981-இல் அந்த வழியில் வந்த இரண்டு நாய்களை அமெரிக்கன் கென்னல் கிளப் பதிவு செய்தது. இனச் சங்கம் எதிர்த்தது, பதிவு நின்றது. கதவு மறுபடி திறந்தது 2011-இல். கல்லடைப்புக்கு மருந்து தெரிந்த பிறகும் அதைத் தடுத்து நின்றது பதிவேட்டின் தூய்மை என்ற ஒன்றுதான். இத்தனை ஆண்டு வலியை அந்தத் தூய்மைக்கு விலையாகக் கொடுத்திருக்க வேண்டியதில்லை.

கலப்பை அனுமதித்தால் இனமே கரைந்துவிடும் என்பார்கள். ஒருமுறை கலந்து பத்துத் தலைமுறை திரும்பச் சேர்த்தால், வெளியிலிருந்து வந்த பங்கு இரண்டாயிரத்தில் ஒன்று என்ற அளவுக்கு இறங்கிவிடும். வேண்டிய மரபணுவை மட்டும் பரிசோதித்துத் தக்கவைத்தால் போதும். தாய்நாட்டு உரிமை பறிபோகும் என்ற அச்சம் இதைவிடக் கனமானது. போருக்குப் பின் அமெரிக்கா சென்ற அகிதாக்கள் அங்கே வேறு உருவம் எடுத்தபோது, ஜப்பானின் அகிதாவைத் தனி இனமாகக் காத்தது தாய்நாட்டு விதியே. அந்த உரிமை இருக்கட்டும். தலையின் வடிவையும் வாலின் சுருளையும் ஜப்பான் சொல்லட்டும். மூச்சுத் திணறாமல், வலியில்லாமல் வாழும் உடல் எல்லா நாட்டுக்கும் பொது.

எஃப்.சி.ஐ. விதிகளில் இந்தப் பாதுகாப்பு ஏற்கெனவே இருக்கிறதே என்று கேட்கலாம். உண்மைதான்: நலமுள்ள நாய்களையே இனப்பெருக்கத்துக்குப் பயன்படுத்த வேண்டும் என்ற வரி அவற்றின் இறுதியில் உண்டு. ஆனால் வளையத்தில் நடுவர் பல்லைப் பார்க்கிறார், தோளையும் முதுகையும் தடவுகிறார், நடையைக் கவனிக்கிறார். சில நிமிடத்தில் அடுத்த நாய் வந்துவிடுகிறது. யூரிக் அமிலம் கைக்கு எப்படித் தட்டுப்படும்? 2008-இல் தூய இன நாய்களின் உடல்நலக் குறைகளைக் காட்டிய பி.பி.சி. ஆவணப்படம் எழுப்பிய கொந்தளிப்புக்குப் பின் பிரிட்டனின் கென்னல் கிளப் பல இனவிதிகளைத் திருத்தியது. தான் நடத்தும் கிரஃப்ட்ஸ் கண்காட்சியில், 2012-இல், 15 இனங்களின் வெற்றி நாய்களைக் கால்நடை மருத்துவரிடம் அனுப்பியது. புல்டாக், பெக்கினீஸ், பாசெட் ஹவுண்ட் உள்பட ஆறு இனங்களின் வெற்றி நாய்கள் அங்கே தேறவில்லை. நடுவர் முதலிடம் தந்த நாய்கள் அவை. மையத்தில் ஓர் அதிகாரம் இருந்ததால்தான் இந்தச் சோதனையே சாத்தியமாயிற்று.

ராஜபாளையம் நாய்க்கு இது நேரடியாகப் பொருந்தும். பால்வெள்ளை உடலும் இளஞ்சிவப்பு மூக்கும் அதன் பெருமை. வெள்ளை நிறத்தோடு பிறவிச் செவிடு சேர்ந்து வருவதும் இந்த இனத்தில் அறிந்த சங்கதி. ஒரு காது மட்டும் கேட்காத நாய் கூப்பிட்டால் திரும்பும், வளையத்தில் ஓடும், கோப்பையும் வாங்கும். செவி நரம்பின் மின்னலையைப் பதிவு செய்யும் சோதனை ஒன்றே அதைக் காட்டிக்கொடுக்கும். இந்த இனத்தின் தாய்நாடு நாம்தான். இரு காதும் கேட்கும் என்ற சான்றில்லாத நாய்க்கு இனப்பெருக்கப் பதிவு இல்லை என்ற வரி, நிறத்தைச் சொல்லும் வரிக்கு முன்னால் இடம்பெற வேண்டும்.