இரங்கலில் இறந்தவர் எங்கே?

நாளிதழைக் கையில் எடுத்ததும் என் அப்பா முதலில் திருப்புவது கண்ணீர் அஞ்சலிப் பக்கத்தைத்தான். “தெரிஞ்சவங்க யாராவது போயிட்டாங்களான்னு பார்க்கிறேன்” என்பார். ஆனால் தெரியாதவர்களைப் பற்றியும் முழுதாக வாசிப்பார். பிறந்த தோட்டம், பார்த்த வேலை, பேரப்பிள்ளைகளின் பெயர்கள் என்று பத்தே வரியில் ஒரு வாழ்க்கை அடங்கியிருக்கும். அந்த ஈர்ப்பு நமக்கும் உண்டு. இன்று அதே பக்கம் புலனத்திலும் முகநூலிலும் தினமும் நம் முன் விரிகிறது. அவற்றுள் எத்தனை மனத்தில் நிற்கின்றன?

என் அனுபவம் ஒன்றைச் சொல்கிறேன். என்னோடு பணியாற்றி ஓய்வுபெற்ற மூத்த ஆசிரியர் ஒருவர் காலமானார். இரங்கல் எழுதும் பொறுப்பு என்னிடம் வந்தது. ‘தன்னலமற்ற சேவையாளர், தமிழ்ப்பற்றாளர், ஈடு செய்ய இயலாத இழப்பு’ என்று அரை மணி நேரத்தில் எழுதி முடித்தேன். பலரும் பாராட்டினார்கள். பதினாறாம் நாள் சடங்கில் அவருடைய மகள், “நல்லா எழுதியிருந்தீங்க சார். ஆனா படிக்கும்போது அப்பா ஞாபகம் வரல” என்றார். குறையாகச் சொல்லவில்லை. அதனால்தான் இன்னும் உறுத்துகிறது.

அந்த ஆசிரியர் மாணவர் கட்டுரைகளைச் சிவப்பு மையால் திருத்தவே மாட்டார், பென்சிலால்தான் திருத்துவார். “பிள்ளைங்க சரியா எழுதினதும் நான் போட்ட கோட்டை அழிச்சிடணும்” என்பார். எனக்கு இது தெரியும். இருந்தும் எழுதவில்லை. இரங்கலுக்கு ‘பெரிய’ சொற்கள்தாம் வேண்டும் என்று நினைத்துவிட்டேன்.

நம் இலக்கியம் இதை வேறு விதமாகச் செய்திருக்கிறது. இறந்தவரை எண்ணி இருப்பவர் புலம்புவதற்குக் ‘கையறுநிலை’ என்று தொல்காப்பியம் துறையே வகுத்துள்ளது. அதியமான் இறந்தபோது ஔவையார் பாடியது புறநானூற்றின் 235ஆம் பாடல். அதில் அதியமானின் வீரத்தைவிட அவன் கள்ளைப் பகிர்ந்த விதமே முதலில் வருகிறது. கொஞ்சமாக இருந்தால் எங்களுக்கே தந்துவிடுவான். நிறைய இருந்தால் நாங்கள் பாட, அவனும் சேர்ந்து மகிழ்வான் என்கிறார். நரந்தம் மணக்கும் அவன் கை, புலால் நாறும் தம் தலையைத் தடவியதையும் நினைத்துக்கொள்கிறார். பிறகுதான், அவன் மார்பில் பாய்ந்த வேல் பாணர்களின் கலங்களையும் புலவர்களின் நாவையும் துளைத்தது என்கிறார். முன்னே அந்தக் கையைக் காட்டியதால்தான் பின்னே வரும் மிகை நமக்கு மிகையாகத் தெரியவில்லை.

இன்னொன்றையும் கவனியுங்கள். ஔவையார் தம்மைப் பற்றியும்தான் பேசுகிறார். ஆனால் பார்வை அதியமான்மீதே நிற்கிறது. இன்றைய முகநூல் அஞ்சலிகள் பலவற்றில் இது தலைகீழாகிவிடுகிறது. ‘என்னை அவர் எப்படியெல்லாம் பாராட்டினார்’ என்பதே மிஞ்சுகிறது. இறந்தவர் எழுதியவரின் சாட்சியாகிப் போகிறார்.

அதற்காக ‘ஆழ்ந்த இரங்கல்’ என்ற இரண்டு சொல்லை நான் கேலி செய்யவில்லை. துக்க வீட்டில் எல்லாருக்கும் வார்த்தை வந்துவிடாது. ‘நாங்களும் இருக்கிறோம்’ என்று சொல்ல அந்தப் பழகிய தொடர் போதும். நாளிதழ் அறிவிப்பும் அப்படித்தான்; நல்லுடல் எத்தனை மணிக்கு எடுக்கப்படும் என்பதே அங்கு முக்கியம். ஆனால் ஒருவரைப் பற்றித் தனியாக எழுத உட்கார்ந்த பிறகு அந்தத் தொடரோடு நின்றுவிடுவது சோம்பல்.

வகுப்பில் இப்போது ஒரு சோதனை வைக்கிறேன். எழுதியதில் பெயரை மட்டும் மாற்றிப் பாருங்கள். வேறொருவருக்கும் அப்படியே பொருந்தினால் மீண்டும் எழுதுங்கள். தேர்வில் ‘நான் போற்றும் மனிதர்’ போன்ற தலைப்பு வந்தாலும் இது உதவும். படிவம் 4 மாணவி ஒருத்தி தன் பாட்டியைப் பற்றி, ‘அன்பின் இருப்பிடம்’ என்பதை அடித்துவிட்டு, ‘பால்மரம் வெட்டப் போகுமுன் என் காலணியைத் துடைத்து வைத்துவிட்டுப் போவார்’ என்று எழுதினாள். நான் அதில் திருத்த எதுவும் இல்லை. பென்சிலை மூடிவைத்துவிட்டேன்.