இரு காட்சிகளுக்கிடையே ஒரு ‘வாவ்’

அரபு மொழியின் பலாகத் கலையைக் கற்கத் தொடங்கும் மாணவருக்கு முதற்பாடங்களிலேயே சொல்லித் தரப்படும் பாகுபாடு ஒன்றுண்டு. கூற்று இருவகைப்படும்: ஒன்று கபர், மற்றது இன்ஷா. உண்மை என்றோ பொய் என்றோ தீர்ப்பதற்கு இடமளிக்கும் கூற்று கபர். ஏவல், வினா, வேண்டுதல் முதலியன இன்ஷா. ‘ஜைது வந்தார்’ என்று ஒருவர் சொன்னால், ‘இல்லை, அவர் வரவில்லை’ என்று மறுக்க நமக்கு வழியுண்டு. ‘வா’ என்று அழைப்பவரைப் பொய்யர் என்று யாரும் சொல்வதில்லை.

திரையில் ஓடும் காட்சியும் இதழின் அட்டையில் அச்சாகும் படமும் இவ்விரண்டில் எதைச் சாரும்? பல ஆண்டுகளாக இப்பாடத்தை நடத்திவரும் நமக்கு இவ்வினா ஒரு மாணவரின் அனுபவத்தால் எழுந்தது. விடுமுறை முடிந்து ரயிலில் திரும்பிக்கொண்டிருந்த அவர், பெட்டியின் ஓரத்தில் துண்டை விரித்து மஃரிப் தொழுதிருக்கிறார். ஸலாம் கொடுத்துவிட்டுத் தம் இருக்கைக்கு வந்தபோது, அதுவரை இன்முகத்துடன் பேசிவந்த எதிர் இருக்கைக் குடும்பத்தினர் பேச்சை நிறுத்தியிருந்தனர். தாய் தம் குழந்தையை மடிக்கு இழுத்துக்கொண்டார். கடுஞ்சொல் எதுவும் பிறக்கவில்லை. “அவர்கள் என்னிடம் எதைக் கண்டார்கள், ஹஜ்ரத்?” என்று அவர் நம்மிடம் கேட்டார். ‘தொழுகையைக் கண்டார்கள், அதனருகே வேறொன்றையும் கண்டார்கள்’ என்று மட்டுமே அன்று நம்மால் சொல்ல முடிந்தது. அந்த வேறொன்று எப்படி வந்து சேர்ந்தது என்பதே இக்கட்டுரையின் ஆய்வுப்பொருள்.

கோவையில் பிறக்கும் பொருள்

ஹிஜ்ரி ஐந்தாம் நூற்றாண்டில் வாழ்ந்த இமாம் அப்துல் காஹிர் அல்ஜுர்ஜானி (ரஹ்) அவர்கள் ‘தலாயிலுல் இஃஜாஸ்’ என்னும் நூலில் நிறுவிய கொள்கை ‘நள்ம்’ எனப்படும். திருமறையின் சொற்கள் அரபு மக்கள் அறிந்து வழங்கிய சொற்களே. அவ்வாறிருக்க, அதன் ஒப்பின்மை எங்கே உறைகின்றது என்பது அவர் ஆராய்ந்த வினா. தனிச்சொல்லுக்குத் தன்னளவில் ஏற்றமோ தாழ்வோ இல்லை. ஒரு சொல் மற்றொரு சொல்லோடு கோக்கப்படும் முறையில்தான் பொருளும் சிறப்பும் பிறக்கின்றன என்பது அவர் கண்ட விடை.

எட்டு நூற்றாண்டுகளுக்கு மேல் கழிந்து, 1917 புரட்சிக்குப் பிந்தைய ரஷ்யாவில், லெவ் குலெஷோவ் என்னும் திரைக்கலைஞர் ஒரு சோதனை செய்தார். இவான் மோஸுகின் என்ற நடிகரின், உணர்ச்சி எதையும் வெளிக்காட்டாத முகக்காட்சி ஒன்றை அவர் எடுத்துக்கொண்டார். அதே துண்டை ஒருமுறை சூப் நிறைந்த தட்டோடும், ஒருமுறை சவப்பெட்டியில் கிடக்கும் பெண்ணோடும், ஒருமுறை விளையாடும் குழந்தையோடும் இணைத்துக் காட்டினார். பார்த்தவர்கள் அந்த முகத்தில் முறையே ஆழ்ந்த சிந்தனையையும் துயரத்தையும் மகிழ்ச்சியையும் கண்டு நடிகரைப் பாராட்டினார்கள் என்று புதோவ்கின் எழுதிவைத்துள்ளார். முகம் மாறவில்லை. பக்கத்தில் வைக்கப்பட்டதே மாறியது. ஜுர்ஜானி அவர்கள் சொல்லில் கண்டதைக் குலெஷோவ் காட்சியில் கண்டார் எனலாம்.

ஆனால் சொல்லுக்கும் காட்சிக்கும் இடையே முக்கியமான வேறுபாடு ஒன்றுண்டு. சொற்களை இணைக்க மொழியில் இடைச்சொற்கள் உள்ளன. அரபு இலக்கணிகள் ‘வாவ்’ என்பதற்கும் ‘ஃபா’ என்பதற்கும் உள்ள வேறுபாட்டை நுணுக்கமாக வகுத்துள்ளனர். ‘வாவ்’ இரண்டைச் சேர்க்கும்; அவ்வளவே. ‘ஜைதும் அம்ரும் வந்தனர்’ என்பதில் யார் முன், யார் பின், யாரால் யார் வந்தார் என்பதற்கு எந்தக் குறிப்பும் இல்லை. ‘ஃபா’ வந்தாலோ முறைவைப்பு உண்டாகும். அடுத்தடுத்து நிகழ்ந்தமை உண்டாகும். பல இடங்களில் காரண காரியத் தொடர்பும் உண்டாகும். ஆகவே எழுதுபவர் எதைச் சொல்கிறார் என்பதற்கு அவர் பயன்படுத்திய எழுத்தே சாட்சி.

திரையில் அத்தகைய எழுத்து இல்லை. ஒரு காட்சி முடிகிறது, அடுத்தது தொடங்குகிறது. படத்தொகுப்பாளர் வைப்பது வெறும் ‘வாவ்’. பார்ப்பவரின் உள்ளம் அதனை ‘ஃபா’வாக வாசித்துக்கொள்கிறது. ‘இதுவும் அதுவும்’ என்பது ‘இதனால் அது’ என்றாகிவிடுகிறது. ‘இதனால் அது என்று நாங்கள் எங்கே சொன்னோம்?’ என்று படைத்தவர் கேட்டால், அவர் சொல்லவில்லை என்பது உண்மையே. சொன்னவர் இல்லாத கபர் அது.

‘ரோஜா’வில் ஒரு தொழுகை

மணிரத்னம் இயக்கி 1992இல் வெளிவந்த ‘ரோஜா’ திரைப்படத்தைத் தமிழ் வாசகர்கள் அறிவார்கள். காஷ்மீரில் கடத்தப்பட்ட ரிஷிகுமார் என்ற இளைஞனின் எதிரில் தேசியக்கொடி கொளுத்தப்படுகிறது. அவன் எரியும் கொடியின் மீது பாய்ந்து தன் உடலால் தீயை அணைக்கிறான். இந்நிகழ்ச்சியின் இடையிடையே, கடத்தியோரின் தலைவனான லியாகத் தொழுதுகொண்டிருக்கும் காட்சி வெட்டி ஒட்டப்படுகிறது. தீ, தொழுகை, துடிக்கும் உடல், அசையாத முகம்.

தனித்தனியே பார்த்தால் இவற்றில் மறுப்பதற்கு ஏதுமில்லை. ஆயுதம் ஏந்தியவர்களில் தொழுபவரும் இருந்திருக்கலாம். கொடியைக் கொளுத்தியவரும் இருந்திருக்கலாம். ‘வாவ்’ என்ற அளவில் இரண்டும் ஏற்கத்தக்கவை. ஆனால் அரங்கில் அமர்ந்திருப்பவர் பெறுவது ‘ஃபா’வின் பொருளையே: இந்தத் தொழுகையிலிருந்து அந்தத் தீ.

இவ்விடத்தில் நம்மை மிகவும் சிந்திக்க வைப்பது அந்த அசையாத முகம். தொழுகையில் நிற்பவர் சுற்றுப்புறத்தைப் பொருட்படுத்தாது ஒன்றிநிற்பதை நாம் குஷூஃ, உள்ளச்சம் என்று போற்றுகிறோம். பார்வை ஸுஜூதின் இடத்தில் படிய வேண்டும், இங்குமங்கும் திரும்பலாகாது என்று சிறுவயதிலேயே நமக்குப் பயிற்றுவிக்கப்படுகிறது. அதே ஒன்றுதல், ஒருவன் தீயில் புரளும் காட்சியின் அருகே வைக்கப்பட்டதும் இரக்கமின்மையாகத் தெரிகிறது. மோஸுகினின் முகத்துக்கு நேர்ந்தது இங்கே தொழுகைக்கு நேர்ந்திருக்கிறது.

இதில் பிக்ஹு சார்ந்த பிழை ஒன்றும் உண்டு. நீரில் மூழ்குபவரையோ தீயில் சிக்கியவரையோ காப்பாற்றும் ஆற்றல் உள்ளவர், தொழுகையை முறித்துவிட்டு ஓடுவது கடமை என்று நம் சட்ட நூல்கள் விதிக்கின்றன. அருகில் ஒருவன் எரிய, தொழுகையில் நீடிப்பது இறைபக்தி ஆகாது. ஷரீஅத்தின்படி அது குற்றம். ஆக, மார்க்கத்தின் விதியை மீறிய ஒரு நிலையே அக்காட்சியில் மார்க்கத்தின் முகமாகப் பதிகிறது. இதை அரங்கில் எழுந்து நின்று சொல்ல யாருக்கும் வாய்ப்பில்லை. ஏனெனில் மறுக்கத்தக்க வாக்கியம் எதுவும் அங்கே உச்சரிக்கப்படவில்லை.

அப்படத்தின் தரப்பில் சொல்லப்படும் நியாயத்தையும் நாம் மறைக்கலாகாது. லியாகத் இறுதியில் மனம் மாறுகிறான், கைதியைத் தப்பவிடுகிறான். வன்முறையை மறுக்கும் உரையாடல்களும் படத்தில் உள்ளன. தேசிய ஒருமைப்பாட்டுக்கான சிறந்த படம் என்ற தேசிய விருதும் அதற்குக் கிடைத்தது. இயக்குநரின் நிய்யத்தை ஆராய்வது நம் வேலையன்று. உள்ளங்களை அறிபவன் அல்லாஹ் ஒருவனே. நாம் ஆராய்வது காட்சியின் தலாலத்தை, அதாவது அது எதைச் சுட்டுகிறது என்பதை. உரையாடல் செவி வழியே வந்து அறிவை நோக்கிப் பேசுகிறது. அதனை நாம் எடைபோடுகிறோம். காட்சிக் கோவையோ எடைபோடும் முன்பே உள்ளே இறங்கிவிடுகிறது. பல ஆண்டுகள் கழிந்தபின் உரையாடல் மறந்துபோகும். தீயும் தொழுகையும் ஒன்றாக நினைவில் நிற்கும்.

இந்த உத்தி நம் நாட்டில் பிறந்ததன்று. இருவேறு இடங்களின் நிகழ்ச்சிகளை மாறிமாறி வெட்டிக்காட்டும் முறையைப் பெரிதும் வளர்த்தவர் அமெரிக்க இயக்குநர் கிரிஃபித். 1915இல் வெளிவந்த அவருடைய ‘தி பர்த் ஆஃப் எ நேஷன்’ படத்தில், ஆபத்தில் சிக்கிய வெள்ளையரையும் அவர்களை மீட்கக் குதிரைகளில் விரையும் கூ க்ளக்ஸ் க்ளான் கூட்டத்தாரையும் மாறிமாறிக் காட்டினார். கறுப்பின மக்களை வேட்டையாடிய கூட்டம் திரையில் காவலராகிவிட்டது. லெபனான் வம்சாவளி அமெரிக்கப் பேராசிரியர் ஜாக் ஷாஹீன், 900க்கும் மேற்பட்ட ஹாலிவுட் படங்களை ஆராய்ந்து, அரபுகள் எவ்வாறு இழிவாகச் சித்திரிக்கப்பட்டனர் என்பதை 2001இல் நூலாக வெளியிட்டார். அப்பணி போற்றத்தக்கது. பாத்திரங்களைக் கணக்கிடுவதோடு காட்சிகள் கோக்கப்படும் முறையையும் ஆராய்வது அதன் அடுத்த படி.

அசையாப் படத்தின் அசைவு

இதழ்களின் படத்தில் ஒன்றன்பின் ஒன்றாக வருவது இல்லையே, அங்கு இந்த விதி எப்படிப் பொருந்தும் என்று கேட்கலாம். அங்கே கோவை படச்சட்டத்துக்குள்ளேயே நிகழ்கிறது: எதைச் சட்டத்துள் வைப்பது, எதை வெளியே விடுவது, எவ்வளவு ஒளி தருவது என்பதில்.

1982 பிப்ரவரியில் ‘நேஷனல் ஜியாகிரஃபிக்’ இதழ், எகிப்தின் கீஸா பிரமிடுகளின் அகலமான படத்தைத் தன் ஒடுக்கமான அட்டையில் அடக்குவதற்காகக் கணினியின் துணைகொண்டு பிரமிடுகளை நெருக்கமாக நகர்த்தியது. கல்லில் நிலைத்தவை காகிதத்தில் இடம்பெயர்ந்தன. 1994 ஜூனில் அமெரிக்காவில் ஓ. ஜே. சிம்ப்சன் கொலைக் குற்றச்சாட்டில் கைதானபோது, காவல்துறை எடுத்த ஒரே படத்தை ‘டைம்’, ‘நியூஸ்வீக்’ ஆகிய இரு வார இதழ்களும் அட்டையில் இட்டன. ‘நியூஸ்வீக்’ உள்ளபடியே இட்டது. ‘டைம்’ இதழில் அவருடைய தோல் மேலும் கறுப்பாக்கப்பட்டு, முகத்தில் நிழல் கூட்டப்பட்டிருந்தது. கடைகளில் இரு இதழ்களும் அருகருகே தொங்கியதால்தான் மக்கள் வேறுபாட்டைக் கண்டனர். கண்டனம் எழுந்தபின் அவ்விதழின் ஆசிரியர் விளக்கம் எழுத நேர்ந்தது. ‘குற்றவாளி’ என்ற ஒரு சொல் அட்டையில் இல்லாதபோதும், நீதிமன்றத்துக்கு முன்பே நிழல் தீர்ப்பு எழுதிவிட்டது.

சட்டத்தின் அளவும் ஒரு கூற்றே. 2003 ஏப்ரல் 9 அன்று பக்தாதின் ஃபிர்தவ்ஸ் சதுக்கத்தில் சதாம் ஹுஸைனின் சிலை வீழ்த்தப்பட்டது. நெருக்கமாக எடுத்த படங்களில் சட்டம் நிறைய மக்கள் தெரிந்தனர். ஒரு நகரமே திரண்டது போன்ற எண்ணம் ஏற்பட்டது. தொலைவிலிருந்து எடுத்த அகலமான படங்களில் சதுக்கத்தின் பெரும்பகுதி வெறுமையாக இருந்தது. சிலையை இழுத்த அமெரிக்கப் படை வாகனமும் தெளிவாகத் தெரிந்தது. இரண்டும் உண்மைப் படங்களே. உலகின் நினைவில் தங்கியது முதலாவது.

நம் எதிர்ப்பும் நம் வீடும்

2013 ஜனவரியில் ‘விஸ்வரூபம்’ படத்தை ஒட்டித் தமிழ்நாட்டில் எழுந்த சர்ச்சை நினைவிருக்கும். முஸ்லிம் அமைப்புகளின் ஆட்சேபம், அரசின் தடை, நீதிமன்றம், பேச்சுவார்த்தை என்று அது நீண்டது. சில பகுதிகளை நீக்கவும் ஒலியடக்கவும் உடன்பாடு கண்டபின் பிப்ரவரி 7 அன்று படம் இங்கே வெளியாயிற்று. ஆட்சேபித்தவர்களின் வேதனை உண்மையானது. அதனை நாம் எளிதாகத் தள்ளிவிட மாட்டோம். எனினும் ஒரு வினா எஞ்சுகிறது. ஒலியை அடக்கினால் கோவை அடங்குமா? சொல்லை நீக்கிய இடத்திலும் காட்சிக்கு அருகே காட்சி இருந்த இடத்திலேயே இருக்கிறது. ‘ரோஜா’வின் அந்தப் பகுதியில் ஒலியடக்குவதற்கு என்ன வசனம் இருக்கிறது?

தடை கேட்கும் குரலைவிட, ‘இந்த இரு காட்சிகளையும் ஏன் இப்படி அருகருகே வைத்தீர்கள்?’ என்று பெயர் சுட்டிக் கேட்கும் விமரிசனம் வலியது. தடையால் படம் மறைந்திருக்கும். கோக்கும் பழக்கம் மறையாது. விமரிசனம் பார்ப்பவரின் கண்ணைப் பழக்கும்; ‘ஃபா’ என்று வாசிக்க விரையும் உள்ளத்தை ‘வாவ்’ என்ற இடத்தில் நிறுத்தும்.

இதே அளவுகோலை நம் இதழ்கள் மீதும் வைத்தாக வேண்டும். ஏதோ ஒரு நாட்டில் எப்போதோ எடுத்த அழும் குழந்தையின் படத்தை, இடமும் ஆண்டும் குறிக்காமல் இன்றைய தலையங்கத்தின் அருகே அச்சிடுகிறோம். மாற்றுக்கருத்துடைய ஆலிமின் படத்தை, வாய் திறந்து முகம் கோணிய நிலையில் தேர்ந்தெடுத்துப் போடுகிறோம். இஸ்னாது இல்லாத செய்தியை ஏற்கமாட்டோம் என்று பெருமை பேசும் சமுதாயம், இஸ்னாது இல்லாத படத்தை மட்டும் எப்படி ஏற்கிறது? சூரத்துல் ஹுஜுராத்தின் ஆறாம் வசனம் தீயவர் கொண்டுவரும் செய்தியைத் தெளிவுபடுத்திக்கொள்ளுமாறு ஏவுகிறது. அறியாமையால் ஒரு கூட்டத்தாருக்குத் தீங்கிழைத்துவிட்டு வருந்த நேரும் என்பதையே காரணமாகக் காட்டுகிறது. படமும் செய்திதான். அக்காரணம் இதற்கும் பொருந்துகிறது.

காட்டாமையின் அழகு

உத்தி தன்னளவில் தீமையன்று. முஸ்தஃபா அக்காத் இயக்கி 1976இல் வெளிவந்த ‘தி மெஸேஜ்’ படத்தை எடுத்துக்கொள்வோம். நபி (ஸல்) அவர்களின் வரலாற்றைக் கூறும் அப்படத்தில் அவர்களுடைய உருவமும் காட்டப்படவில்லை, குரலும் ஒலிக்கவில்லை. தோழர்கள் கேமராவை நோக்கிப் பேசுகின்றனர். விடை கேட்டவர்போல் அமைதி காத்துப் பணிந்து நிற்கின்றனர். அதனைக் குறித்து உலமாக்களிடையே கருத்து வேறுபாடு உண்டு. இங்கு நாம் தீர்ப்புக் கூறவில்லை. உத்தியை மட்டும் கவனிக்கிறோம். பலாகத்தில் ஹத்ஃப் என்றொரு இயல் உண்டு. சொல்லாமல் விடுவது சொல்வதைவிடத் தெளிவாகப் பேசும் இடங்களை ஜுர்ஜானி அவர்கள் அதில் வியந்து விளக்குகிறார். காட்டாமல் விட்டதன் வழியே கண்ணியத்தை உணர்த்திய அந்தத் திரைமொழி ஹத்ஃபுக்கு நல்ல எடுத்துக்காட்டு.

நம் மதரஸாக்களில் நள்மும் ஹத்ஃபும் வஸ்லும் ஃபஸ்லும் இன்றும் பழைய கவிதை வரிகளைச் சான்றாகக் கொண்டு கற்பிக்கப்படுகின்றன. அவற்றோடு ஓர் இதழின் அட்டையையும் ஒரு திரைக்காட்சியின் வரிசையையும் வகுப்பில் விவாதிக்கலாம். புதிய பாடநூல் எதுவும் வேண்டியதில்லை. கருவி நம் கையில் ஏற்கெனவே இருக்கிறது.

ரயிலில் தொழுத மாணவருக்கு இப்போது நாம் கூறும் விடை இதுதான்: எதிரில் இருந்தவர்கள் உங்கள் மீது பகை கொண்டவர்கள் அல்லர். எவரோ வைத்த ‘வாவ்’ ஒன்றைத் தம்மை அறியாமலே ‘ஃபா’ என்று வாசித்தவர்கள். அவர்களோடு மீண்டும் பேச்சைத் தொடங்குங்கள். உங்கள் தொழுகையின் அருகே அவர்கள் அடுத்துக் காணும் காட்சி அந்த இன்சொல்லாக இருக்கட்டும்.