'ஆய்வுப் பகுதி'க்குள் அடைபட்ட ஏரி

பழவேற்காடு பற்றிய ஆய்வுக்கட்டுரைகளை வரிசையாக வாசித்தால் முதல் பக்கத்திலேயே அலுத்துவிடும். சில்காவுக்கு அடுத்து இந்தியாவின் இரண்டாவது பெரிய உவர்நீர்க் காயல், ஆந்திராவிலும் தமிழ்நாட்டிலும் பரவிக் கிடக்கிறது, பூநாரைகள் வரும். பிறகு அட்சரேகை, தீர்க்கரேகை, ஒரு வரைபடம். இதற்கு 'ஆய்வுப் பகுதி' என்று பெயர். ஏரியை இங்கே அடக்கம் செய்துவிட்டு அட்டவணைகளுக்குப் போய்விடுகிறார்கள்.

முன்னுரை, முறை, முடிவுகள், விவாதம் என்கிற வரிசையைக் குறை சொல்லவில்லை. ஒருவர் செய்த சோதனையை இன்னொருவர் திரும்பச் செய்து பார்க்க வசதியானது அது. தண்ணீரின் உப்பளவை எழுத அது போதும். பாடு பற்றி எழுதும்போதுதான் இடிக்கிறது.

காயலில் இறால் நன்றாக விழும் இடங்கள் கொஞ்சம். கோட்டைக்குப்பம், ஆண்டிக்குப்பம், நடுவூர் மாதாகுப்பம் மாதிரியான ஊர்களில் உரிமை உள்ளவர்கள் முறைவைத்து அங்கே வலை போடுகிறார்கள். இன்றைக்கு உனக்கு, நாளைக்கு எனக்கு. நியாயமாகத்தான் தெரிகிறது. ஆனால் அந்த உரிமை சாதியோடும் ஊரோடும் கட்டப்பட்டது; வரிசையில் இல்லாதவர் கரையில் நின்று பார்க்க வேண்டியதுதான். ஆங்கிலக் கட்டுரைகள் 'பாடு'வைச் சாய்வெழுத்தில் போட்டு, பக்கத்திலேயே 'பாரம்பரியச் சுழற்சி முறை' என்று விளக்கிவிடுகின்றன. தமிழில் எழுதுகிற மாணவரும் அதையே திருப்பி மொழிபெயர்த்து வைக்கிறார், பாவம். மீன்பாடு என்றால் விழுந்த மீன். படாத பாடு என்றால் என்னவென்று யாரும் சொல்லித்தர வேண்டாம். உரிமை, வரும்படி, துன்பம் மூன்றும் ஒரே சொல்லில் கிடக்கின்றன. கட்டுரைக்கான கேள்வியும் அங்கேயே இருக்கிறது: மீன் குறைகிற காலத்தில் இந்த உரிமை ஒருவரைக் காப்பாற்றுமா, கட்டிப்போடுமா?

சாரா கூல்தார்ட் 2008இல் 'குளோபல் என்விரான்மென்டல் சேஞ்ச்' இதழில் எழுதிய கட்டுரை கிட்டத்தட்ட இதைத்தான் கேட்கிறது. அதில் பாடு பின்னணித் தகவலாக ஒதுங்கி நிற்கவில்லை, வாதமே அதன்மேல் நிற்கிறது. ஆனால் தலைப்பைப் பாருங்கள். 'ஒரு தென்னிந்தியக் காயல்' என்றுதான் இருக்கிறது. உலக வாசகருக்கு முன்னால் ஏரிக்குப் பெயர் கிடையாது!

எலினார் ஆஸ்ட்ரம் இதில் கெட்டிக்காரர். 1990இல் வந்த 'கவர்னிங் த காமன்ஸ்' நூலின் முதல் அத்தியாயத்தில், பொதுச்சொத்து பாழாகியே தீரும் என்று 1968இல் காரெட் ஹார்டின் சொன்னதை முதலில் எடுத்து வைக்கிறார். அப்புறம் துருக்கியின் அலன்யா மீனவர்களைக் கொண்டுவருகிறார். செப்டம்பரில் சீட்டுப் போட்டு இடம் பிரித்து, நாளுக்கு ஓரிடம் நகர்ந்துகொண்டே போகிறவர்கள். கோட்பாடு எங்கே உடையுமோ, சரியாக அந்த இடத்தில் அவர்களுடைய ஊர் வருகிறது.

சுண்ணாம்புக்குளத்திலிருந்து ஒரு மாணவி தன் ஏரியைப் பற்றியே ஆய்வேடு எழுதுகிறார் என்று வையுங்கள். 'இலக்கிய மீளாய்வை முதலில் போடும்மா' என்பார் நெறியாளர். போடட்டும். ஹார்டினும் ஆஸ்ட்ரமும் அதில் வந்தால், அவர்களோடு பாடு எங்கே பொருந்துகிறது, எங்கே முரண்டு பிடிக்கிறது என்பதையும் அங்கேயே எழுதிவிடலாம். அதற்கு எந்தப் பல்கலைக்கழக விதியும் குறுக்கே நிற்காது. எழுதி முடித்தபின் பழவேற்காடு என்று வரும் இடத்திலெல்லாம் வேறொரு காயலின் பெயரைப் போட்டுப் பார்க்கட்டும். கட்டுரை அசையாமல் நின்றால் மறுபடி உட்கார வேண்டியதுதான்.

கடைசியில் வரும் 'பரிந்துரைகள்' தனி வேடிக்கை. சென்று தேய்ந்து இறுதல் என்று நன்னூல் ஒரு குற்றத்துக்குப் பெயர் வைத்திருக்கிறது. இரண்டு மாநில ஏரியில் தொடங்கிய கட்டுரை, 'மீனவர்களிடையே விழிப்புணர்வு ஏற்படுத்த வேண்டும்' என்று முடிகிறது. எதைப் பற்றிய விழிப்புணர்வு? மீன் குறைந்துபோனதை ஆய்வாளருக்குச் சொன்னதே அவர்கள்தானே.