பையும் கட்டுக்கயிறும்: வருணனைக் கையேடுகள் குறித்து ஒரு நோக்கு

மாணவர் மலருக்கென வந்த சிறுகதை ஒன்றை அண்மையில் படித்தேன். கணவனை இழந்த பெண்ணொருத்தி ஜனாஸா வீட்டில் அமர்ந்திருக்கிறாள். அவளுடைய உதடுகள் நடுங்குகின்றன, தொண்டை வறள்கிறது, விரல்கள் முந்தானையின் ஓரத்தை முறுக்குகின்றன, நெஞ்சின்மீது ஒரு பாரம் வந்து அமர்கிறது. மொழியில் பிழையென்று சுட்ட எதுவுமில்லை. ஆயினும் படித்து முடித்தபோது அந்தப் பெண்ணை நான் பார்த்திருக்கவில்லை. எழுதிய மாணவரை அழைத்து, இந்த வரிகள் எங்கிருந்து வந்தன எனக் கேட்டேன். அவர் ஒளிக்கவில்லை. புனைகதை எழுதுவோருக்கென ஆங்கிலத்தில் வந்துள்ள ஒரு கையேட்டில், துயரம் என்னும் தலைப்பின்கீழ் இருந்த குறிப்புகளில் சிலவற்றைத் தேர்ந்து தமிழாக்கிக்கொண்டதாகச் சொன்னார். பிறகு அவரே என்னைத் திருப்பிக் கேட்டார்: “ஹஜ்ரத், நீங்கள் வகுப்பில் எடுத்துக்காட்டும் ஸஆலிபீயின் நூலும் இப்படியொரு பட்டியல்தானே? அதைப் போற்றுகிறீர்கள், இதை ஏன் குறை சொல்கிறீர்கள்?”

அன்று என்னால் நிறைவான விடை கூற இயலவில்லை. கேள்வி நேர்மையானது. அதற்கு விடை தேடும் முயற்சியே இக்கட்டுரை.

மாணவர் பயன்படுத்திய வகை நூல்களுள் இன்று பெரிதும் அறியப்பட்டது, ஏஞ்சலா ஆக்கர்மன், பெக்கா புக்லிசி ஆகிய இருவர் 2012இல் வெளியிட்ட ‘தி எமோஷன் திசாரஸ்’ ஆகும். முதற்பதிப்பில் 75 உணர்வுகளும், 2019இல் வந்த விரிவாக்கப் பதிப்பில் 130 உணர்வுகளும் இடம்பெற்றுள்ளன. ஒவ்வோர் உணர்வுக்கும் உடலில் வெளிப்படும் அடையாளங்கள், உள்ளே உணரப்படும் மாற்றங்கள், மனம் எண்ணும் விதம், அவ்வுணர்வை அடக்கும்போது தோன்றும் குறிகள் என வகைபிரித்துத் தருகிறார்கள். இடங்களை வருணிக்கவும் 2016இல் நாட்டுப்புறத்திற்கு ஒன்று, நகர்ப்புறத்திற்கு ஒன்று என இரு தொகுதிகளை வெளியிட்டார்கள். காட்சி, ஒலி, மணம், சுவை, தொடுவுணர்வு என ஐம்புல வரிசையில் அவை அமைந்துள்ளன.

இம்முயற்சியை எள்ளி ஒதுக்குவது அறிவுடைமையன்று. ‘அவன் கோபப்பட்டான்’, ‘அவள் வருந்தினாள்’ என்று எழுதிவிட்டு நகரும் தொடக்க நிலை எழுத்தாளரை, ‘கோபம் அவன் உடலில் எங்கே தெரிந்தது?’ என்று இந்நூல்கள் நிறுத்திக் கேட்கின்றன. இடத்தை எழுதுவோர் கண்ணை மட்டுமே நம்பாமல் மூக்கையும் செவியையும் துணைக்கழைக்கத் தூண்டுகின்றன. தேய்ந்த வழக்குகளுக்கும் மிகையுணர்ச்சிக்கும் இடம் தரலாகாது என்ற எச்சரிக்கையையும் ஆசிரியர்கள் தொடக்கத்திலேயே வைத்துள்ளனர். ஆகவே நூலின் மீதன்று, நூலை எதற்கு மாற்றாகக் கொள்கிறோம் என்பதன் மீதே நமது விவாதம் அமைய வேண்டும்.

இனி ஸஆலிபீயிடம் வருவோம். நைஸாபூரில் 961இல் பிறந்து 1038இல் மறைந்த அபூ மன்ஸூர் அஸ்ஸஆலிபீயின் ‘ஃபிக்ஹுல் லுஃகா’, சொற்களைப் பொருள் அடிப்படையில் 30 பாபுகளாகத் தொகுத்த நூல். அழுகையின் படிநிலைகளைக் கூறும் பகுதியைப் பாருங்கள். ஒருவன் அழுவதற்கு ஆயத்தமாகும் நிலைக்கு ‘அஜ்ஹஷ’ என்று ஒரு சொல். கண்ணில் நீர் நிறைந்து இன்னும் வழியாத நிலைக்கு ‘இஃக்ரவ்ரகத்’. வழிந்துவிட்டால் ‘தமஅத்’. மழையை ஒத்துப் பெருகினால் ‘ஹமத்’. அழுகையோடு ஒலியும் சேர்ந்தால் ‘நஹப’, ‘நஷஜ’. அலறலாக முற்றினால் ‘அஃவல’. உறக்கத்திற்கும் பசிக்கும் அன்பிற்கும் இவ்வாறே படிகளை அவர் வரிசைப்படுத்துகிறார்.

மேலோட்டமாகப் பார்த்தால் மாணவர் சொன்னது சரி, இரண்டும் பட்டியல்களே. ஆனால் அவை செய்யும் வேலை வேறு. ஸஆலிபீயின் ஒவ்வொரு சொல்லும் ஒரு நிபந்தனையோடு வருகிறது. நீர் நிறைந்ததா, வழிந்ததா, ஒலி எழுந்ததா என்று எழுதுபவர் முதலில் பார்த்தாக வேண்டும். பார்க்காதவருக்கு அந்தச் சொற்களுள் எதையும் எடுக்க உரிமையில்லை. அதே நூலில், நிலை மாறினால் பெயர் மாறும் பொருட்களையும் அவர் சுட்டுகிறார். பானம் இருந்தால்தான் அது ‘கஃஸ்’. இல்லையேல் வெறும் கண்ணாடிக் கிண்ணம். உணவு பரப்பப்பட்டிருந்தால்தான் ‘மாயிதா’, இல்லையேல் ‘கிவான்’. நாணலைச் சீவிக் கூராக்கிய பின்னரே அது ‘கலம்’. அதுவரை அது ‘உன்பூபா’ எனப்படும் வெறுங்குழல். இத்தகைய நூல் எழுத்தாளரைப் பொருளை நோக்கித் திருப்பி அனுப்புகிறது. உணர்வுக் கையேடோ, கவனமின்றிப் பயன்படுத்தப்படும்போது, பொருளிடம் போகும் தேவையையே நீக்கிவிடுகிறது. முன்னது கண்டதற்குப் பெயர் தருகிறது. பின்னது காணாததற்கு அடையாளம் தருகிறது.

இங்கே ஒரு தடை எழக்கூடும். அரபு மொழியின் பொருள்வழி அகராதிகளுள் மிகப் பெரியதெனப் போற்றப்படும் ‘அல்முகஸ்ஸஸ்’ நூலைத் தொகுத்தவர், 1066இல் மறைந்த அந்தலுஸியரான இப்னு ஸீதா. பூலாக் அச்சகப் பதிப்பில் 17 பாகங்களாக விரியும் அந்நூல் மனித உடலுறுப்புகள், குதிரை, ஒட்டகம், மேகம், மழை, செடிகொடிகள் என நீள்கிறது. இப்னு ஸீதாவோ கண்பார்வையற்றவர். காணாதவர் காட்சிக்கான சொற்களைத் தொகுக்கலாம் என்றால், காணாத எழுத்தாளர் அவற்றைப் பயன்படுத்தினால் என்ன? விடை எளிது. இப்னு ஸீதா தாம் கண்டதாக எங்கும் உரிமை கோரவில்லை. பாலைவனத்து அரபியர் கண்டு சொன்னவற்றையும், முந்தைய மொழியறிஞர்கள் கேட்டுப் பதிந்தவற்றையும், இன்னார் கூற்று எனச் சுட்டி நமக்குக் கடத்துகிறார். அவர் ராவீ, சாட்சியைப் பாதுகாத்தவர். கதாசிரியரின் நிலை அதுவன்று. அவர் வாசகர் முன் தாமே சாட்சியாக நிற்கிறார்.

நமது மரபில் எல்லாம் தூயதாகவே இருந்தது என்று சொல்லவும் நான் துணியவில்லை. அரசவை எழுத்தர்களுக்கென ஆயத்தத் தொடர்களைத் தொகுத்துத் தந்த நூல்களும் அரபியில் உண்டு. பத்தாம் நூற்றாண்டைச் சேர்ந்த அப்துர் ரஹ்மான் இப்னு ஈஸா அல்ஹமதானியின் ‘அல்அல்ஃபாழுல் கிதாபிய்யா’ அவற்றுள் பெயர் பெற்றது. பிற்கால அரபு உரைநடையின் பெரும்பகுதி, எதுகை நிறைந்தும் பொருள் குறைந்தும் போனதற்கு, ஆயத்தத் தொடர்களை நம்பிய பழக்கமும் ஒரு காரணம் எனலாம். நோய் பழையது, மருந்துப் பெட்டியின் பெயர்தான் புதியது.

வேறுபாட்டை இன்னும் தெளிவாக்க, மதரஸாவில் நாம் கற்கும் ஃபிக்ஹின் துணையை நாடலாம். ‘வஸ்ஃப்’ என்ற சொல் இலக்கியத்தில் வருணனையைக் குறிக்கிறது. சட்டத்தில் ஒரு பொருளின் தன்மையை வரையறுத்துக் கூறுவதைக் குறிக்கிறது. விலையை முன்னதாகக் கொடுத்துப் பொருளைப் பின்னர் பெறும் ‘ஸலம்’ ஒப்பந்தத்தில், கண்முன் இல்லாத பொருள் வஸ்ஃபின் மூலமே நிர்ணயிக்கப்படுகிறது. கோதுமையும் பேரீச்சையும் அளவு, இனம், தரம், தவணை ஆகியவற்றைச் சொல்லிவிட்டால் நிர்ணயமாகிவிடும். ஒரு மரக்கால் கோதுமைக்கு அதே தரத்து இன்னொரு மரக்கால் ஈடாகும். சட்ட அறிஞர்கள் இதை ‘மிஸ்லீ’ என்பர். தன்னிகர் இல்லாத, ஒன்றுக்கு மற்றொன்று ஈடாகாத பொருள் ‘கீமீ’. கால்நடைகளில் ஸலம் செல்லுமா என்ற வினாவில் இமாம்கள் கருத்து வேறுபட்டனர். ஷாஃபிஈ மத்ஹபினர் அனுமதித்தனர். ஹனஃபீ மத்ஹபினர் மறுத்தனர். இனத்தையும் வயதையும் நிறத்தையும் சொன்ன பிறகும், ஒரே வகையைச் சேர்ந்த இரு விலங்குகளுக்கிடையே வருணனைக்குள் அடங்காத பெரும் வேறுபாடு எஞ்சுகிறது என்பது அவர்கள் வாதம்.

ஓர் ஆட்டையே பட்டியலால் வரையறுத்துவிட முடியுமா என்று நம் முன்னோர் இத்தனை நுணுகி விவாதித்திருக்க, ஒரு விதவையின் துயரத்தை எப்படிப் பட்டியலால் வரையறுப்பது? உணர்வுக் கையேட்டின் அடிப்படைப் பிழை இங்கேதான் இருக்கிறது. அது துயரத்தை மிஸ்லீ ஆகக் கொள்கிறது. எந்தப் பெண்ணின் நடுங்கும் உதட்டையும் எந்தப் பெண்ணுக்கும் பொருத்தலாம் என்று கருத இடம் தருகிறது. புனைகதையோ முழுக்க முழுக்க கீமீ உலகத்தைச் சேர்ந்தது.

கண்டெடுத்த பொருள் பற்றிய ‘லுகத்தா’ சட்டம் இதனினும் அழகான பாடத்தைத் தருகிறது. பொருளைக் கண்டெடுத்தவர் அது இருந்த பையையும், அதைக் கட்டியிருந்த கயிற்றையும் அடையாளம் அறிந்து வைத்துக்கொண்டு, பின் ஓராண்டு அறிவிப்புச் செய்ய வேண்டும் என நபி (ஸல்) அவர்கள் பணித்ததை ஹதீஸ் தொகுப்புகளில் காண்கிறோம். உரிமை கோரி வருபவர் அந்த அடையாளங்களைக் கூற வேண்டும். அதன்பின் ஒப்படைப்பது கடமையா, ஆகுமானதா என்பதில் மத்ஹபுகளிடையே வேறுபாடு உண்டு. பையில் பணம் இருந்தது என்று எவரும் சொல்லிவிடலாம். கயிறு எத்தகையது என்பதை அதனோடு வாழ்ந்தவரே சொல்ல முடியும். வருணனையின் மெய்மை பெரிய செய்தியில் இல்லை. எவராலும் ஊகிக்க முடியாத சிறு அடையாளத்தில் இருக்கிறது.

அப்படியாயின் நம் உமறுப்புலவரை என்ன செய்வது என்று தமிழறிந்தோர் கேட்பார்கள். நியாயமான கேள்வி. பெருங்காப்பியத்தில் மலை, கடல், நாடு, நகர், பருவம், சுடர்களின் தோற்றம் ஆகியவை வருணிக்கப்பட வேண்டும் எனத் தண்டியலங்காரம் விதிக்கிறது. அதுவும் ஒருவகைக் கையேடுதான். அவ்விதியைப் பின்பற்றிய சீறாப்புராணத்தில், அரபு நாடு மழை பொழிந்து, ஆறு பெருகி, வயல் விளையும் மருதநிலமாகவே காட்சி தருகிறது. புலவர் அரபகத்தைக் கண்டாரல்லர். ஆனால் கண்டதாக எண்ணி அன்றைய வாசகர் ஏமாறவுமில்லை. செழிப்பைப் பாடினால் அது சிறப்பைப் போற்றும் மரபு என்பது இருவருக்கும் தெரிந்த ஒப்பந்தம். நவீனப் புனைகதை வேறோர் ஒப்பந்தத்தின்மேல் நிற்கிறது: இந்தத் தெருவில், இந்த வீட்டில், இந்த மனிதருக்கு நேர்ந்தது இது என்று அது உறுதி கூறுகிறது. காப்பியத்திற்குரிய சலுகையைச் சிறுகதை கோர முடியாது.

எனவே கையேடுகளே வேண்டாமா? வேண்டும், ஆனால் வேறு வகையானவை. கண் கலங்குதல், விம்முதல், விசும்புதல், தேம்புதல், கேவுதல், அரற்றுதல் எனத் தமிழில் அழுகைக்கு உள்ள சொற்களின் எல்லைகளை ஸஆலிபீயைப் போல் வரையறுத்துக் காட்டும் ஒரு நூல் நம் மாணவர்களுக்கு உதவும். திவாகரமும் பிங்கலமும் சொற்களைப் பொருள்வழியே தொகுத்த மரபு நமக்குப் புதிதன்று. அதைவிட அவசரமானது, தமிழ் முஸ்லிம்களின் வீட்டு வழக்கும் தொழில் வழக்கும் மறைவதற்குள் அவற்றைத் தொகுப்பது. 1988இல் நூலாக வந்த ‘ஒரு கடலோர கிராமத்தின் கதை’யில் தோப்பில் முஹம்மது மீரான் பயன்படுத்திய பேச்சுமொழியை எந்தக் கையேடும் அவருக்குத் தரவில்லை, தேங்காய்ப்பட்டணம் தந்தது. அத்தகைய சொற்கள் அடுத்த தலைமுறைக்கு அகராதியிலாவது கிடைக்க வேண்டும்.

அந்த மாணவரிடம் பின்னொரு நாள், உங்கள் வீட்டில் மரணம் நேர்ந்தபோது என்ன பார்த்தீர்கள் என்று கேட்டேன். சற்று நேரம் பேசாதிருந்தார். பாட்டனார் மறைந்த மறுநாள், ஃபஜ்ருக்கு முன் எழுந்த பாட்டி, வழக்கம்போல் அவருடைய ஒளுவுக்கெனக் கெண்டியில் நீர் நிறைத்து முற்றத்துத் திண்ணையில் வைத்துவிட்டாராம். பிறகு நினைவு வந்து, அதை எடுக்கவும் மனமின்றி, கொட்டவும் மனமின்றி, அருகிலேயே உட்கார்ந்திருந்தாராம். “அழுதார்களா?” என்றேன். “இல்லை ஹஜ்ரத். கெண்டியின் மூடியைத் திறந்து திறந்து மூடிக்கொண்டிருந்தார்கள்” என்றார். 130 தலைப்புகளைப் புரட்டினாலும் கிட்டாத கட்டுக்கயிறு அது. இத்தனை நாளும் அவரிடமே இருந்தது. அது இலக்கியத்திற்கு உரியது என்று அவருக்கு யாரும் சொல்லியிருக்கவில்லை. நான் உட்பட.

இமாம் திர்மிதீ (ரஹ்) தமது ‘ஷமாயில்’ நூலில் ஓர் அறிவிப்பைப் பதிந்துள்ளார். சிறு வயதிலேயே பாட்டனார் நபி (ஸல்) அவர்களைப் பிரிந்த ஹஸன் (ரலி) அவர்கள், தம் தாய்மாமனாகிய ஹிந்த் இப்னு அபீ ஹாலா (ரலி) அவர்களிடம் சென்று, அண்ணலாரின் தோற்றத்தை வருணிக்குமாறு கேட்கிறார்கள். ஹிந்த் அவர்கள் ‘வஸ்ஸாஃப்’, வருணிப்பதில் வல்லவர், என அறியப்பட்டவர். மனத்தில் பற்றிக்கொள்ள ஏதேனும் வேண்டும் என்பதே பேரரின் ஏக்கம். பிரிந்தவரைப் பற்றிக்கொள்ள விரும்பும் ஒருவருக்கு, அவரோடு வாழ்ந்தவர் கொடுக்கும் சாட்சியாக அங்கே வருணனை அமைகிறது. பேனாவை எடுக்கும் நம் பிள்ளைகளுக்கு முதலில் கற்பிக்க வேண்டியது அதைத்தான். சொல் தேட நூல்கள் உதவும். சாட்சி சொல்ல, கண்டிருக்க வேண்டும்.